ஏழரை மணிக்குள் சொல்: லினக்ஸா, விண்டோஸா?

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இந்த அகால நேரத்தில் எழுதி உன் காலைப்பொழுதைக் கெடுப்பதற்கு முதலில் மன்னித்துவிடு. மணி பதினொன்றே கால். இது சுவர்க் கடிகாரம் சொல்லும் மணி. கம்ப்யூட்டர் சொல்லும் மணியை இந்த வீட்டில் இப்போது யாரும் நம்புவதில்லை, காரணம் கீழே வருகிறது. நீ நலமாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுவாய், துவைத்த சட்டையைத்தான் போட்டுக்கொள்வாய் என்று நம்புகிறேன். இங்கே நான், உன் அத்தான், என் மாமனார், பாப்பா நாலு பேரும் நலம். நாலு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தால் இன்னும் நலமாக இருப்போம். பாப்பா மட்டும்தான் எல்லாரிடமும் பேசுகிறாள், அவளுக்கு இன்னும் பேச்சு வராததால்.

அவள் இப்போது எதையாவது பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். போன வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து மேசை முனைகளுக்குப் பஞ்சு ஒட்டி, அலமாரிகளுக்குக் கொக்கி மாட்டி, பிரிண்டரை பீரோ மேல் ஏற்றி, சுவரில் தரையோரம் இருக்கிற ஓட்டை எல்லாவற்றுக்கும் மஞ்சள் மூடி போட்டேன். அப்படியும் என் போனை அவள் குளியல் தொட்டியில் போட்டுவிட்டாள். அது ஐந்து நாளாக ஜன்னலில் காய்கிறது. அதனால்தான் மெயில். அத்தான் போனில் கூப்பிட்டாலும் இந்த நேரத்தில் நீ எடுக்க மாட்டாய். ஆனால் கண் விழித்ததும், பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே மெயில் பார்ப்பவன் நீ. அம்மா எத்தனை தடவை திட்டியிருப்பாள், இன்றைக்கு அந்தக் கெட்ட பழக்கம்தான் உன் அக்காவைக் காப்பாற்ற வேண்டும்.

விஷயம் இதுதான். நாளைக் காலை ஏழரை மணிக்குக் கம்ப்யூட்டர் கடைக்காரர் வீட்டுக்கு வருகிறார். எங்கள் கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ், விண்டோஸ் இரண்டில் ஒன்றை அழிக்கப் போகிறார். எதை என்று சொல்ல வேண்டியவள் நான். அதற்கப்புறம் பாப்பாவின் சேர்க்கைப் படிவத்தை பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ஒன்பது மணிக்குள் குழந்தைகள் காப்பகத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். இடம் போனால் திங்கட்கிழமை நான் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குத் திரும்ப முடியாது. ஏற்கெனவே இரண்டு முறை விடுப்பை நீட்டியாயிற்று. போன வாரம் முதலாளி, "நீங்க நிதானமா குழந்தையைப் பாத்துக்குங்கம்மா, வேற பொண்ணு ஒண்ணு கேட்டுக்கிட்டிருக்கு" என்றார். அந்தக் குரலில் இருந்த இனிப்பு எனக்குப் பிடிக்கவேயில்லை.

இத்தனையும் உன்னால் வந்தது. போன மாதம் வந்தவன் நாலு நாள் தூங்கிவிட்டுப் போயிருக்கலாம். "கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்கே அக்கா, லினக்ஸ் போட்டுத் தரவா?" என்று நீயாகத்தான் ஆரம்பித்தாய். அத்தான் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "விண்டோஸை எடுக்கலை, ரெண்டும் இருக்கட்டும். ஆன் பண்ணதும் எது வேணும்னு கேக்கும். பத்து செகண்டுக்குள்ள சொல்லணும், சொல்லலைன்னா லினக்ஸுக்குப் போயிடும்" என்று வழி வேறு செய்துவிட்டு ரயிலேறிவிட்டாய். பத்து செகண்டு! ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்று முடிவெடுக்க அரை நாள் எடுத்துக்கொள்கிற வீடு இது.

என் மாமனாரை உனக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளர். ஓய்வு பெற்ற பிறகு நேரம் பார்க்க பஸ் இல்லாமல் பால் பாட்டில் ஆறும் நேரத்தையும் உன் அத்தான் பல் தேய்க்கும் நேரத்தையும் டைரியில் எழுதிக்கொண்டிருந்தார். நீ அவருக்குப் புதிதாக இரண்டு வண்டி கொடுத்துவிட்டுப் போனாய். மறுநாளே ஸ்டாப்வாட்ச் வெளியே வந்துவிட்டது.

"லினக்ஸ், நாப்பத்தொரு செகண்டு. விண்டோஸ், மூணு நிமிஷம் அம்பது. இந்த வண்டியை ரூட்டுல விட்டா பயணி இறங்கி நடந்தே போயிடுவான்" என்று தீர்ப்பு சொன்னார்.

அத்தானுக்குச் சுருக்கென்றது. கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர், அவர் வரைகிற சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். "அது அஞ்சு வருஷமா என் பைல் எல்லாத்தையும் சுமக்குதுப்பா. உங்க லினக்ஸ் நேத்து வந்த காலி வண்டி. காலி வண்டி வேகமாத்தான் ஓடும்."

"காலி வண்டியில ஏறினவன் ஏன்டா நேத்து வழி தெரியாம முழிச்சே?"

"எனக்கு எதுக்கு வழி தெரியணும்? ஆபீஸ்ல எல்லாரும் விண்டோஸ், ஊரே விண்டோஸ். ஒண்ணு புரியலைன்னா பக்கத்து சீட்டுல கேக்கலாம். லினக்ஸுக்கு நான் யாரைக் கேக்க, பாப்பாவையா?"

"ஊரே ஏறுற பஸ்ல எனக்கு என்னைக்குடா உட்கார எடம் கெடைச்சிருக்கு?"

இப்படி ஆரம்பித்தது. உண்மையைச் சொன்னால் இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. மெயில் பார்க்க, பாப்பாவின் போட்டோ பார்க்க, கடிதம் அடிக்க எனக்கு எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் அதை இந்த வீட்டில் சொல்ல முடியாது. விண்டோஸைத் திறந்தால் மாமனார் வாட்ச்சைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். லினக்ஸைத் திறந்தால் அத்தான், "ஓ, நீயும் அந்தப் பக்கமா" என்று தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறார். காலையில் யார் முதலில் எழுந்து அந்தப் பத்து செகண்டைப் பிடிப்பது என்று போட்டி. ஆறரைக்கு எழுகிற உன் அத்தான் இப்போது ஐந்தரைக்கு எழுகிறார்.

அப்புறம்தான் கடிகாரம் கலகம் செய்தது. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கம்ப்யூட்டரில் மணி மூன்று மணி நேரம் பின்னால் போய்விடுகிறது. கேட்டதற்கு, "ரெண்டும் உள்ள இருக்கிற ஒரே கடிகாரத்தை வேற வேற மாதிரி படிக்கும் அக்கா, ஒரு செட்டிங் மாத்தணும், அடுத்த தடவை வரும்போது பாக்கறேன்" என்று மெசேஜ் போட்டாய். அடுத்த தடவை! மூன்று மணி நேரம் தவறிப்போன கடிகாரத்தோடு ஒரு நேரக்காப்பாளரை ஒரே கூரையின் கீழ் விட்டுவிட்டு! "ஒரே டிப்போவுல ரெண்டு டைமா?" என்று அவர் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவேயில்லை. "லினக்ஸ் வர்றதுக்கு முன்னாடி என் கடிகாரம் சரியாத்தான் இருந்துச்சு" என்று அத்தான் மட்டும் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார்.

இந்த லட்சணத்தில்தான் போன சனிக்கிழமை காப்பகத்திலிருந்து படிவம் வந்தது. மாமனார் லினக்ஸிலிருந்து பிரிண்ட் கொடுத்தார். பிரிண்டர் பெயர் திரையில் வந்தது, 'முடிந்தது' என்றும் வந்தது, காகிதம் மட்டும் வரவில்லை. "நான் சொல்லலை? லினக்ஸுக்கு பிரிண்டர் ஒத்துவராது" என்று அத்தான் விண்டோஸிலிருந்து கொடுத்தார். அதிலும் 'முடிந்தது'. அதிலும் காகிதம் இல்லை. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். பிரிண்டரில் விளக்கே எரியவில்லை. "லினக்ஸ் அதைத் தூங்க வெச்சிருக்கு" என்றார். "எழுப்பத் தெரியாத விண்டோஸுக்குப் பேச்சைப் பாரு" என்றார் மாமனார். அன்றிலிருந்து மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். நானும் பாப்பாவைப் பற்றிக் காப்பகம் தெரிந்துகொள்ள வேண்டியவை என்று எழுதிய நாலு பக்கத்தை அனுப்பிப் பார்த்தேன். அறுபத்தொரு குறிப்பு. அதுவும் 'முடிந்தது'.

ஜெராக்ஸ் கடையில் எடுக்கலாமே என்பாய். "வீட்டுல பிரிண்டரை வெச்சுக்கிட்டு கடைக்குப் போறதா?" என்று கேட்டபோது மட்டும் அப்பாவும் பிள்ளையும் ஒரே குரல். மாடி அக்காவிடம் எடுக்கலாமே என்பாய். அவர்களுடையதும் நம்முடையதைப் போலவே அச்சு அசலான பிரிண்டர், அத்தான் சிபாரிசில் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியது. இன்டர்நெட்கூட இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். என்ன பயன், ஆறு நாளாக அக்கா ஊரில் இல்லை, வீடு பூட்டு. செவ்வாய்க்கிழமை அத்தான் மனமிரங்கி ஆபீஸில் எடுத்துக்கொண்டு வந்தார். அங்கே இருப்பது கட்டட வரைபடம் அச்சடிக்கிற மெஷின். படிவம் படுக்கை விரிப்பு அளவுக்கு வந்திருந்தது. 'குழந்தையின் பெயர்' என்ற கட்டத்துக்குள் குழந்தையையே உட்கார வைக்கலாம், உட்கார்ந்தும் பார்த்தாள். அதைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனேன். காப்பக மேடம் விரித்துப் பார்த்து, ஒரு முனையை என்னிடமே பிடிக்கக் கொடுத்து, "இதை எந்த ஃபைல்லம்மா வைக்கிறது? சின்னதா கொண்டு வாங்க, வெள்ளிக்கிழமை ஒம்போது மணிதான் கடைசி" என்றார்.

இன்றைக்கு யாருக்கும் தெரியாமல் கடைக்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள், திரையெல்லாம் இழுத்து விட்டிருந்தேன். கம்ப்யூட்டரில் மணி ஐந்து பத்து. எட்டு மணி வரை கடை இருக்கும், மெதுவாகப் போகலாம் என்று படிவத்தை பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினால் தெரு முழுக்க விளக்கு எரிகிறது. ஐந்து மணிக்கு ஏன் இப்படி இருட்டிக்கிடக்கிறது, மழை வரப்போகிறதோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். கடைக்காரர் ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் உறைத்தது, கம்ப்யூட்டரில் இருந்தது விண்டோஸ். "நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க" என்றார். ஒன்பது மணிக்குக் கொடுக்க வேண்டியதைப் பத்து மணிக்கு எடுத்து நான் என்ன செய்ய?

வீட்டுக்கு வந்து கத்திவிட்டேன். இரண்டு பேரும் அதிர்ந்துபோய்க் கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர், "ஒரே பொட்டியில ரெண்டு இருந்தா சண்டைதாங்க. எது வேணும்னு சொல்லுங்க, மத்ததை அழிச்சிடறேன், பிரிண்டர் தன்னால வேலை செய்யும்" என்றார். ஓட்டுப் போட்டோம். ஆளுக்கொன்று. பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

தம்பி, என் வேலை என்னவென்று யோசித்துப் பார். நாளெல்லாம் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றி மாட்டி, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பவள். "ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்கு" என்று சொல்பவர்களிடம் "நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்று விடாப்பிடியாக நிற்பவள். அந்தப் பாவமெல்லாம் இப்போது சேர்ந்து வந்திருக்கிறது. லினக்ஸ் என்றால் இனி அத்தான் எந்த அறையில் சாப்பிடுவார்? விண்டோஸ் என்றால் மாமனாரின் ஸ்டாப்வாட்ச் எதைப் பார்க்கும், என் சமையலையா? எந்தப் பக்கத்தை அழித்தால் பிரிண்டர் வேலை செய்யும் என்று மட்டும் சொல், நான் அந்தப் பக்கத்துக்குத் தலையாட்டிவிடுகிறேன். நீ செய்த வேலைக்கு இதையாவது செய்.

நேரத்துக்குத் தூங்கு. என் ஆசிகள் உனக்கு எப்போதும் உண்டு, கோபம் வேறு, ஆசி வேறு. பாப்பா மாமாவுக்கு ஒரு முத்தம் கொடுத்தாள், கூடவே ஒரு தும்மலும்.

இப்படிக்கு,
இரண்டு பக்கமும் இல்லாத உன் அக்கா

பின்குறிப்பு: அனுப்பப் போகும்போது கதவு தட்டுகிற சத்தம். மாடி அக்கா. இப்போதுதான் ஊரிலிருந்து வந்து வீட்டைத் திறந்திருக்கிறார். கையில் ஒரு கட்டுக் காகிதம். "ஏம்மா, நான் இல்லாதப்ப என் பிரிண்டருக்கு இவ்வளவு வேலையா? ரூம் பூரா பேப்பர்!" என்றார். பாப்பாவின் படிவம் முப்பத்தேழு பிரதி, அத்தனையும் பளிச்சென்று. பிரிண்டர் பெயரும் ஒன்று, இன்டர்நெட்டும் ஒன்று, லினக்ஸ் அனுப்பியது, விண்டோஸ் அனுப்பியது எல்லாம் ஒரே மாதிரி ஒழுங்காக மாடியில் போய் இறங்கியிருக்கிறது. என் அறுபத்தொரு குறிப்பையும் நின்றபடியே படித்திருக்கிறார். "மூணாவது தும்மலுக்கு மட்டும் உன்னைக் கூப்பிடணும்னு எழுதியிருக்கியே, அது ரொம்பப் பிடிச்சுது" என்றார். அவர் போனதும் நான் பிரிண்டர் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். பீரோவுக்குப் பின்னால் பிளக் தொங்குகிறது. அது சொருகியிருந்த இடத்தில் என் மஞ்சள் மூடி. வெள்ளிக்கிழமை என் கையாலேயே பிடுங்கியிருக்கிறேன். பேருக்குக் கண் பரிசோதிப்பவள்.

இன்னும் இருக்கிறது. கட்டுக்கு அடியில், 'லினக்ஸ்: முதல் பத்துப் பாடங்கள்' என்று பதினாறு பக்கம், ஓரத்தில் உன் அத்தான் ஆபீஸ் பெயர். அதற்கும் அடியில் கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு மாமனார் அடித்த கடிதம்: "விண்டோஸை அழித்துவிட வேண்டாம். தாமதமானாலும் பழகிய வண்டி. இது என் மகனுக்குத் தெரிய வேண்டாம்."

படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன். மேலே உன்னைத் திட்டியதை எல்லாம் அழித்துவிடலாம் என்று பார்த்தால் பாப்பா எழுந்துவிட்டாள், நீயே அந்த இடங்களைப் படிக்காமல் விட்டுவிடு. எதையும் அழிக்க வேண்டாம் என்று கடைக்காரரைத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் ஏன் என்று கேட்பார்களே? மூடியைச் சொல்லவா, காகிதக் கட்டைக் காட்டவா, இரண்டையும் மறைத்துவிடவா? சீக்கிரம் பதில் போடு.