மணி அடித்தால்தான் நகரும் கார்

எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் வைண்டர் அண்ணனைப் போல ஜாக்கிரதையான மனிதர் இன்னொருவர் பிறந்ததில்லை. அவரைப் போல மற்றவர்களின் உயிரை நடுங்க வைத்தவரும் இன்னொருவர் பிறந்ததில்லை. இரண்டும் எப்படி ஒரே ஆளுக்குப் பொருந்தும் என்று கேட்பவர்கள் அவருடைய காரில் ஒரு தடவைகூட உட்காராதவர்கள். நான் உட்கார்ந்தவன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர், சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லைனில் யாருக்கும் தெரியாது. சுரங்கம் ஓடிய காலத்தில் வைண்டிங் எஞ்சின் ஓட்டியவர், அதனால் வைண்டர். ஆட்களைப் பூமிக்குள் இறக்கும் இரும்புக் கூண்டுக்கு கேஜ் என்று பெயர். அது ஒரு பெரிய உருளையில் சுற்றிய கம்பிக் கயிற்றில் தொங்கும். வைண்டர் மேலே ஓர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து அந்த உருளையை ஓட்டுவார். கேஜ் அவர் கண்ணுக்கே தெரியாது. மணிச் சத்தம் வரும், அதைக் கேட்டு லீவரை அசைப்பார். மணி வராமல் அசைத்தால் அவருக்கு வேலை போகும். அதற்கு முன்பே கீழே யாருக்காவது தலை போயிருக்கும்.

சுரங்கத்தை மூடிப் பல வருடம் கழித்து, தலை முழுக்க நரைத்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"நைனா, சர்வீஸ் பூரா மேல கீழ, மேல கீழன்னே போச்சி. அதுவும் நான் போவல. மத்தவனத்தான் அனுப்பிகினு இருந்தன். இனிமே நான் போவணும். நேரா போவணும்."

நேராகப் போவதற்கு பஸ் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். நினைத்ததைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. நான் பெங்களூரில் ஒரு குடோனில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். விடிவதற்குள் ரயில் ஏறி ஜன்னலோரம் ஒடுங்கிக்கொண்டு, யாரும் என்னோடு பேசாமல் போய் வந்துவிட்டால் அன்றைக்கு நல்ல நாள். ஆனால் அவர் அடுத்ததாகச் சொன்னதுதான் என்னைக் கட்டிப்போட்டது.

"உங்கப்பன எத்தினி வாட்டி எறக்கி ஏத்திருப்பன். ஒரு வாட்டி குலுங்கிருக்குமா? கேளு."

கேட்பதற்கு அப்பா இல்லை. ஒவ்வொரு ஷிப்டிலும் அவர் முழுசாக மேலே வந்தது மட்டும் எனக்குத் தெரியும். நான் அவருடன் கிளம்பினேன்.

பெங்களூருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் அந்தக் கார் நின்றது. சிவப்பு நிறம், நீண்ட மூக்கு, உருண்டையான மட்கார்டு, இரண்டே சீட், கூரை கிடையாது. ஸ்டெப்னி டயரை முதுகில் சுமந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் வெள்ளைக்கார துரைகள் ஓட்டிய ரேஸ் கார் மாதிரியே யாரோ கட்டியிருந்தார்கள். கல்யாண மாப்பிள்ளைகளை ஏற்றி ஊர்வலம் விட்ட கார். வைண்டர் அண்ணன் பானெட்டைத் தட்டினார். பிளாஸ்டிக் பக்கெட்டைத் தட்டியது போலச் சத்தம் வந்தது.

விற்கிறவர் நேர்மையான மனிதர். "சார், மேல இருக்கற ஃபைபர் மட்டும்தான் அந்தக் காலத்து மாதிரி. உள்ள எல்லாம் இந்தக் காலத்து சாமான்."

"எந்த வண்டியோடது?"

"அது கட்டினவருக்குத்தான் தெரியும் சார். அவர் கனடாவுல செட்டில் ஆயிட்டார்."

கனடாவுக்குப் போனவர் பேப்பர்களை மட்டும் ஒழுங்காக வைத்துவிட்டுப் போயிருந்தார். காரை வாங்கி, ஒரு டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் லைனில் இறக்கினோம். அண்ணி வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "ஏன்யா, மழ பேஞ்சா இத்த நீ ஓட்டுவியா, மொண்டு ஊத்துவியா?"

அடுத்த ஞாயிறு காலை அண்ணன் என்னைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, பூஜை சாமான் கடையில் வாங்கிய பித்தளை மணி ஒன்றைக் கையில் கொடுத்தார். ஒன்று அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் போக வேண்டும், மூன்று அடித்தால் பின்னால் வர வேண்டும்.

"ண்ணா, நீங்களே ரோட்டப் பாத்து ஓட்டலாமே" என்றேன்.

"ரோட்ட நான் பாக்கறன். போலாமா நிக்கலாமான்னு நீ சொல்லு. மணி வராம நான் கைய வெச்சதில்ல, இனிமேவும் வெக்க மாட்டன்."

கூச்சப்படுகிறவனுக்குக் கடவுள் கொடுக்கக்கூடிய தண்டனைகளில் இதைவிடப் பெரியது கிடையாது. திறந்த சிவப்புக் காரில், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் நடுவில், மணி அடித்துக்கொண்டு போக வேண்டும். முதல் நாளே பூக்கடை அம்மா ஒருவர் எங்களைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருவர் தேங்காயோடு ஓடிவந்து, உள்ளே சாமி இல்லாததைப் பார்த்து என்னை முறைத்தார். நான் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டேன். அப்படியும் மணியை விடவில்லை. விட்டால் கார் நிற்காது.

அதைவிட மோசம், ஊரில் இருக்கும் மற்ற மணிகள். ஒரு சாயங்காலம் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது சோன்பப்டி வண்டிக்காரர் ஓரமாக 'டிங்' என்று ஒன்று அடித்தார். அண்ணன் நடுரோட்டில் அப்படியே நின்றார். பின்னால் வந்த ஷேர் ஆட்டோ எங்கள் ஸ்டெப்னி டயரை முத்தமிட்டு நின்றது. அடுத்த நொடி சோன்பப்டிக்காரர் இரண்டு அடித்தார். அண்ணன் கிளம்பிவிட்டார். ஆட்டோக்காரர் வாயில் திரண்டு வந்த வார்த்தை வாயிலேயே நின்றுவிட்டது.

இதற்கிடையில் காரின் உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. எது எந்த வண்டியுடையது என்று தெரியாது. தினமும் பெங்களூருக்குப் போகிறவன் நான் ஒருவன்தான் என்பதால், கழன்றதையெல்லாம் பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிடுவார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்கள் என்னைப் பார்த்தாலே டீ சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள்.

"எந்த வண்டிண்ணா?"

"தெரியாதுங்க."

"எந்த மாடலு?"

"பாக்கறதுக்கு ரொம்பப் பழசுங்க. ஆனா பழசு இல்லைங்க."

"சரி, எதுக்கு மாட்டுறது?"

"அதத்தாங்க நானும் கேக்க வந்தேன்."

கிளட்ச் கேபிள் ஒரு சரக்கு ஆட்டோவுடையது என்று தெரிந்தது. கதவுக் கைப்பிடி ஸ்கூல் வேனுடையது. ஹெட்லைட் ஏதோ மோட்டார் பைக்குடையது. சைலன்சரை மட்டும் எந்த வண்டியும் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஓர் ஆளிடம் புதிதாகச் செய்யச் சொல்லி வாங்கி, சாயங்கால ரயிலில் மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அந்தப் பெட்டியில் இருந்த எல்லோரும் என்னோடு பேசினார்கள்.

அண்ணன் தன் பங்குக்கு ஊரில் தேடினார். எங்கள் லைனுக்குள் எந்த வண்டி வந்து நின்றாலும் சற்று நேரத்தில் அதற்கடியில் அவருடைய இரண்டு கால்கள் தெரியும். கேஸ் சிலிண்டர் வண்டி, தண்ணி டேங்கர், பெண் பார்க்க வந்தவர்களின் கார், எதையும் விட்டதில்லை. எல்லோரும் பழகிக்கொண்டார்கள். கிளம்பும் முன் குனிந்து பார்த்து, "வைண்டர், வெளிய வாங்க, போவணும்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள்.

பிறகு பின் சக்கரத்துப் பிரேக் சிலிண்டர் போனது. சக்கரத்துக்குள் இருக்கும் உருண்டையான சின்னச் சாமான்தான். அது எண்ணெயைக் கக்கிவிட்டால் பிரேக் பாதிதான் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் காரின் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றிதழின் காலமும் முடிந்தது. வண்டியை ஆர்.டி.ஓ. மைதானத்துக்குக் கொண்டுபோய்ச் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் ரோட்டில் எடுக்க முடியாது. பழைய இரும்புக்குப் போடலாம் என்றால் அதில் இரும்பும் அதிகம் இல்லை.

நான் கடை கடையாக ஏறி இறங்கினேன். அந்தச் சிலிண்டர் எதற்கும் ஒத்துவரவில்லை. அண்ணன் பேச்சைக் குறைத்தார். கார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கிளட்ச் மிதிப்பது போலக் காலை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார்.

அப்போது பின் லைனில் ஒரு பென்ஷன்காரர் காலமானார். எல்லோரும் போயிருந்தோம். உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். உடலை எடுத்துப்போக வந்த வண்டியின் டிரைவர் திடீரென்று குனிந்து பார்த்துச் சொன்னார்: "யாருப்பா அது? இன்னும் ஏத்தவே இல்ல, அதுக்குள்ள கீழ வுழுந்துட்ட?"

வண்டிக்கடியிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "இதேதான் நைனா. அச்சு அசலா இதேதான்."

அண்ணி வேகமாக வந்து அந்தக் கால்களிடம் பேசினார். "யோவ், எழவு வூட்ல வந்து இன்னா வேல பண்ற? வெளிய வா. செத்தவரே எழுந்து கேக்கப் போறாரு."

அண்ணன் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, டிரைவரிடம் மெதுவான குரலில் வண்டியின் வருடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு சுடுகாடு வரைக்கும் வண்டிக்குப் பின்னாலேயே தலையைக் குனிந்தபடி நடந்தார். துக்கம் தாங்கவில்லை என்று பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் பின் சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை என்பது எனக்கும் அண்ணிக்கும் மட்டும் தெரியும்.

சாமான் மறுநாளே கிடைத்தது. மாட்டியும் ஆயிற்று. ஆனால் என் பயம் இரண்டு மடங்கானது. பிண வண்டியின் பிரேக்கை நம்பி உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பிலேயே தூக்கம் போனது. எஃப்.சி.யில் இது தேறாமல் போனால் நானும் பிழைப்பேன், அண்ணனும் பிழைப்பார் என்று மனதுக்குள் ஓடியது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து காலை அசைத்தது ஞாபகம் வந்ததும் அந்த நினைப்பை அப்படியே அமுக்கிக்கொண்டேன்.

சோதனை நாள் வந்தது. மைதானத்தில் லாரிகள், டெம்போக்கள், அவற்றுக்கு நடுவில் எங்கள் சிவப்புப் பக்கெட். இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரியான, களைத்த மனிதர். தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டிருந்தார். தூரத்திலிருந்து ஓட்டிவந்து கோட்டில் நிறுத்த வேண்டும்.

"ஓட்டுறவர் மட்டும்தான் உள்ள இருக்கணும். யாருங்க மணியோட? கீழ எறங்குங்க."

"சார், அவரு மணி அடிச்சாத்தான் வண்டி போவும்" என்றார் அண்ணன்.

"ஏன், ஸ்டார்ட் ஆவாதா?"

"வண்டி ஆவும் சார். நான் ஆவ மாட்டன்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "பெரியவரே, மணி இல்லாம ஓட்டத் தெரிஞ்சா ஓட்டுங்க. இல்லன்னா வண்டிய ஓரம் கட்டுங்க."

நான் இறங்கி வந்து கோட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். தூரத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கார் நகரவில்லை. அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரிக்காரர் ஒருவர், "தாத்தாவுக்குக் கோயில்ல பூச முடியணும்போல, அப்பறந்தான் வருவாரு" என்றார். இன்னொருவர் ஹாரனை அழுத்தினார். இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

சர்வீஸ் முழுக்க ஒரு தடவைகூடத் தன் விருப்பத்துக்கு லீவரைத் தொடாத மனிதர் அவர். கண்ணுக்குத் தெரியாத ஆட்களின் உயிருக்காகவே கையைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தவர். நேராகப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு காரையே வாங்கிவிட்டார். போ என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள மட்டும் அவருக்குத் தெரியவில்லை. இது எனக்கு அங்கே நின்றபோதுதான் விளங்கியது.

மணியை லாரிக்காரர் கையில் கொடுத்தேன். வெறுங்கைகள் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். அவ்வளவு பேருக்கு நடுவில் என் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது.

"ண்ணா, கேஜ்ல யாரும் இல்ல. நீங்க மட்டுந்தான் கீறீங்க. வாங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கார் அசைந்தது. வேகம் பிடித்தது. கோட்டுக்கு வந்து, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நின்றது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். முன் சக்கரம் சுண்ணாம்பின் மேல் உட்கார்ந்திருந்தது, ஒரு விரல் முன்னேயும் இல்லை பின்னேயும் இல்லை.

"பிரேக் சரியா இருக்கே" என்று அவர் நிமிர்வதற்குள் கார் மறுபடியும் கிளம்பி, மைதானத்தைத் தாண்டி, கேட்டையும் தாண்டிவிட்டது.

"எங்கங்க போறாரு?"

"நேரா சார்" என்றேன்.

நாங்கள் காத்திருந்தோம். லாரிகள் ஒவ்வொன்றாகத் தேறிப் போயின. மதிய வெயில் ஏறியது. ஆம்புலன்ஸ் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இன்ஸ்பெக்டர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போன நேரத்தில் சிவப்பு மூக்கு கேட்டுக்குள் நுழைந்தது. பக்கத்து சீட்டில் அண்ணி. தலையில் புதிதாகப் பூ, மடியில் பை, முகத்தில் ஒரு பக்கமாக ஒதுக்கிய சிரிப்பு.

"இன்னா தம்பி அப்பிடி பாக்கற? ரெண்டு சீட்டு வண்டி வாங்கிட்டு உன்னயே ஒக்கார வெச்சிகினு இருந்தா நான் எங்க ஒக்கார்றது?"

"மணி யாரு அடிக்கறது அண்ணி?"

"மணி எதுக்கு? என் வாயி போதாதா?"

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். நான் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பெத்தமங்கலா ஏரி வரைக்கும் போய்வருகிறார்கள். என்னை யாரும் கூப்பிடுவதில்லை, மார்க்கெட்டில் யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. நான் வேண்டிக்கொண்ட நிம்மதிதான். மத்தியானம் என் மனைவி சோறு போட்டு வைத்துக் கூப்பிடுகிறாள். அந்தக் கார் லைனுக்குள் திரும்பும் சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்கு ஒரு வாய் இறங்குவதில்லை.