வீட்டுக்காரர் குடித்த பால்

சேலத்து வீட்டுக்காரர்களை நடுநடுங்க வைத்த சக்திகள் இரண்டே இரண்டுதான். ஒன்று பிளேக் எலி. இன்னொன்று எங்கள் பால்சட்டியார். எலிக்காவது பொறி வைக்கலாம், ஊசி போட்டுக்கொள்ளலாம். பால்சட்டியார் வாசலில் வந்து நின்றுவிட்டால் எந்த வைத்தியமும் பலிக்காது. இதில் ஒரு சொல் கூட மிகை இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் அந்தக் காலத்தில் குகை என்கிற எங்கள் பேட்டையில் வீடு வாடகைக்கு விட்டவர்களின் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கும் பால் என்றால் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. எருமப்பட்டிப் பக்கத்து மனிதர், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற தொழில், ஒண்டிக்கட்டை. இதற்கு மேல் அவரைப் பற்றி விசாரித்தால், "அதைத் தெரிஞ்சுக்கிட்டு என்னங்க பண்ணப் போறீங்க, பொண்ணு கிண்ணு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். கையில் எப்போதும் ஒரு பித்தளைச் சட்டி இருக்கும். அதற்கு அவரே பூசிய ஈயத்தில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். நானே செய்திருக்கிறேன்.

புது வீட்டுக்குக் குடி போனால் முதலில் பால் காய்ச்சுவதும், பொங்கிய பாலில் முதல் டம்ளரை வீட்டுக்காரருக்குக் கொடுப்பதும் எல்லாரும் செய்கிற காரியம். பால்சட்டியார் அதோடு தன் சொந்தச் சட்டம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். "பாலைக் குடிச்ச வாயி, ஒரு வருசத்துக்குக் 'காலி பண்ணு'ன்னு சொல்லக் கூடாதுங்க!" எந்த சாஸ்திரத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறது என்று ஒருவர் கேட்டார். "நீங்க அந்த சாஸ்திரம் படிக்கலீங்களா? அடப் பாவமே!" என்று அவர் மேலேயே பரிதாபப்பட்டுவிட்டார் மனுஷன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

அதனால் எந்த வீட்டிலாவது குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், சட்டியோடு போய் நிற்பார். அந்த வீட்டு அடுப்பிலேயே மறுபடி பால் காய்ச்சுவார். வீட்டுக்காரரை வரவழைத்து, சிரித்த வாயோடு ஒரு டம்ளரை நீட்டுவார். வீட்டுக்காரர் மறந்துபோய் ஒரு மடக்குக் குடித்தாரோ, தீர்ந்தது. தெருப் பெண்கள் அத்தனை பேரும் சாட்சி. ஆனால் ஒரு விஷயம். எந்த வீட்டிலும் அவர் மட்டும் பால் குடிக்க மாட்டார். "எனக்கெதுக்குங்க? நானென்ன குடியா வந்திருக்கேன்?" என்று டம்ளரைத் தள்ளிவிடுவார்.

உலகச் சண்டை வந்தது. மெட்ராஸில் குண்டு விழப்போகிறது என்று ஜனங்கள் குடும்பம் குடும்பமாக ரயிலேறி எங்கள் ஊருக்கு வர ஆரம்பித்தார்கள். மாட்டுக் கொட்டகைக்குக் கூட வாடகை கேட்கிற காலமாகிவிட்டது. வருஷக்கணக்காக இருந்த தறிக்காரக் குடும்பங்களுக்கு, "அடுத்த வாரம் கிளம்பு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் பால்சட்டியார் எங்களைப் பிடித்தார். எங்களை என்றால், தெருவில் வெட்டியாகத் திரிந்த வாலிபர்களை. நான் நூல் கடைக் குமாஸ்தா, கல்யாணம் ஆனவன். ஆனாலும் கடையில் நூலே வராத காலம் என்பதால் வெட்டிகளின் ஜாபிதாவில்தான் இருந்தேன். சினிமாக் கொட்டகை ஓரத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களை, "ஏனுங்க சாமிகளா, கையும் காலும் வாடகைக்கா விட்டிருக்கீங்க?" என்று சட்டியாலேயே தட்டி எழுப்பினார். ஆற்றோரப் புறம்போக்கில் மூங்கில் நட்டு, கீற்று வேய்ந்து ஒரு கொட்டாய் போட்டோம். 'வாலிபர் சகாய சங்கம்' என்று பலகை மாட்டினோம். பவுண்டன் பேனா வைத்திருந்த ஒரே ஆள் என்பதால் நான் காரியதரிசி. சாயங்காலம் கர்லாக்கட்டை, சிலம்பம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அ, ஆ. மற்ற நேரமெல்லாம் வாடகை வீட்டு யுத்தம்.

எங்கள் முதல் யுத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு அடங்காது. ஒரு வீட்டுக்காரர் ஆட்களை அனுப்பி, குடித்தனக்காரரின் சாமான்களைத் தெருவில் வைக்கச் சொன்னார். பால்சட்டியார் எங்களிடம், "சண்டை கூடாது, கை வெக்கக் கூடாது, மரியாதையா ஒத்தாசை பண்ணுங்க" என்றார். பண்ணினோம். அவர்கள் முன்வாசலில் கொண்டுவந்து வைத்ததை நாங்கள் சந்து வழியாகச் சுற்றிக் கொண்டுபோய்ப் புழக்கடை வழியாக உள்ளே வைத்தோம். அவர்கள் மறுபடி தூக்கினார்கள். நாங்கள் மறுபடி சுற்றினோம். பாதிப் பகல் போன பிறகு, அம்மிக் கல்லைச் சுமந்து வந்த ஆள் நடுவாசலில் நின்று யோசித்தான்.

"ஏப்பா, இந்த அம்மியை நான் காத்தாலயே தூக்கினேனே?"

"அவிங்க ஊட்டுல அம்மி நெறையா இருக்குதுங்க, தூக்குங்க" என்றார் பால்சட்டியார், முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லாமல்.

அவன் அம்மியை அங்கேயே போட்டுவிட்டு, "இந்த ஊட்டுல குட்டி போடுது சாமானெல்லாம்!" என்று ஓடினவன் ஓடினவன்தான்.

எல்லா வீட்டுக்காரர்களும் இவ்வளவு சுலபமாக அகப்படவில்லை. ஒட்டி ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரர் எடப்பாடிப் பக்கத்தில் தோட்டம் துரவு உள்ளவர். விரலுக்கு விரல் மோதிரம் போட்டிருப்பதால் எங்களுக்கு மோதிரக்காரர். அவர் கெட்டிக்காரர். பால்சட்டியாரின் சட்டத்தைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து பாலையே விட்டுவிட்டார். காலையில் பசும்பால், ராத்திரி பாதாம் பால் என்று வளர்ந்த உடம்பு, பாவம், வரக்காப்பிக்கு இறங்கிவிட்டது. கல்யாண வீட்டில் பால் பாயசம் வந்தால், "இது எந்தச் சட்டியில காச்சினது?" என்று விசாரிப்பார். பதில் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார். சேலத்தில் பாயசத்துக்குப் பயந்து பந்தியிலிருந்து ஓடிய ஒரே பணக்காரர் அவர்தான்.

அப்பேர்ப்பட்டவர் கண் வைத்தது நஞ்சாயி வீட்டின் மேல். லைனில் நடு வீடு. நஞ்சாயியும் அவள் புருஷன் சின்னப்பனும் அங்கே குழித்தறி போட்டிருந்தார்கள். குழித்தறி என்றால் தரையில் குழி வெட்டி, அதில் காலை விட்டு உட்கார்ந்து நெய்வது. தறியைப் பெயர்த்தால் அதில் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூலை அறுக்க வேண்டும். நூலே கிடைக்காத சண்டைக் காலத்தில் ஒரு பாவு அறுந்தால் இன்னொரு பாவு யார் கொடுப்பார்கள்? வீடு போனால் தறி போச்சு, தறி போனால் சோறு போச்சு. இதுதான் நிலைமை. நஞ்சாயி அழவில்லை. "குழியோட சேர்த்து என்னையும் மூடிட்டு ஊட்டை எடுத்துக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டு நான் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை.

"ஆடி பொறக்கிற வரைக்கும் தாக்குப் புடிங்க சாமி" என்றார் பால்சட்டியார். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஒரு மாசம் கிடைத்தால் ஓடுகிற பாவை நெய்து முடித்துவிடலாம். ஒரு மாசத்தில் எதுவும் நடக்கலாம்.

மோதிரக்காரருக்கும் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியும். ஆனி மாசக் கடைசி நாள் காலையில் மூன்று ஜட்கா வண்டி வந்து நின்றது. மெட்ராஸ் குடும்பம். ஒரு கம்பெனி குமாஸ்தா, அவர் மனைவி, ரயிலில் தூங்காத கண்ணோடு குழந்தைகள். கூடவே மோதிரக்காரர். தெருவே கூடிவிட்டது. நஞ்சாயி தறிக்குழியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. நாங்கள் புழக்கடைப் பக்கம் தயாராக நின்றோம்.

எங்கள் சங்கத்து முருகேசன், பால்சட்டியாரின் காதில், "பாலுல ஒரு எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சு உட்டுருவோமுங்களா? திரிஞ்சா சகுனத் தடைன்னு அவிங்களே ஓடிருவாங்க" என்றான்.

பால்சட்டியாருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான். "அவிங்களும் உசிருக்குப் பயந்து ஓடியாந்தவிங்கதான்டா. ஒரு குடும்பம் அடுப்புப் பத்த வெக்கிற பாலு அது. அதுல கை வெச்சீன்னா சங்கத்துப் பக்கம் தலை காட்டாதே!" என்றார். முருகேசன் எலுமிச்சம்பழத்தை மென்று விழுங்கிவிட்டான், தோலோடு.

அந்த மெட்ராஸ் அம்மாளுக்கோ நல்ல நேரம் தப்பிவிடுமே என்று பதைப்பு. "ஒன்பதரைக்குள்ள பால் பொங்கணும். அப்புறம் மத்ததைப் பேசிக்கலாம். ஐயோ, பாத்திர மூட்டை ஸ்டேஷன்லயே நின்னு போச்சே!" என்று கையைப் பிசைந்தாள்.

"சட்டி இருக்குதுங்க" என்றார் பால்சட்டியார்.

"அடுப்பு?"

"நஞ்சாயி அடுப்பு எரிஞ்சுக்கிட்டே இருக்குதுங்க. வாங்கம்மிணி."

பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாக அழகாக வழிந்தது. வாசலில் ஜட்காக்காரனோடு கூலி பேசிக்கொண்டிருந்த மோதிரக்காரரை உள்ளே கூப்பிட்டு, அந்த அம்மாள் முதல் டம்ளரை நீட்டினாள். தான் வைத்த குடித்தனம், அவர்களே காய்ச்சிய பால். இதில் என்ன பயம்? எத்தனையோ மாசமாகப் பாலைப் பார்க்காத மனுஷன், மோதிரக் கை இரண்டாலும் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, ஆஹா, ஒரே மூச்சில் குடித்தார். உதட்டையும் நக்கிக்கொண்டார்.

"நல்லா இருந்துச்சுங்களா, மொதலாளி?" என்று கேட்டார் பால்சட்டியார்.

"பேஷா இருந்துச்சு!"

"யாரு அடுப்புல காஞ்சதுங்க?"

மோதிரக்காரர் டம்ளரைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். தறிக்குழியிலிருந்த நஞ்சாயியைப் பார்த்தார். அப்புறம் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"பாலைக் குடிச்ச ஈரம் காயலை, அந்த அடுப்பை அவிக்கச் சொல்லுவீங்களா? ஆவணியில உங்க புள்ளைக்குக் கல்யாணம். நான் எதுவும் சொல்லலைங்க. இந்தப் பொம்பளைங்க சும்மா இருப்பாங்களான்னுதான் ரோசனை" என்றார் பால்சட்டியார். தெருப் பெண்கள் இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது போதாதா?

"சரி, சரி. இருந்துட்டுப் போகட்டும்!" என்றார் மோதிரக்காரர். நாங்கள் போட்ட கூச்சலில் ஜட்காக் குதிரை மிரண்டது. நஞ்சாயி அப்போதுதான் அழுதாள்.

கூச்சல் அடங்கியதும் மெட்ராஸ் அம்மாளின் குரல் கேட்டது. "அப்ப நாங்க எங்க போறது? விடிஞ்சா ஆடி. ஊர்ல குண்டு. குழந்தைங்களை வெச்சுண்டு தெருவுல நிக்கறதா?"

மோதிரக்காரர் மோட்டுவளையைப் பார்த்தார். ஜெயித்த களிப்பெல்லாம் இறங்கிப்போய் நான் என் பேனா மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். பால்சட்டியார் மூட்டை மேல் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்த குழந்தைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கினார்.

"இதே லைன்ல கோடி ஊடு நான் இருக்கறதுதானுங்க. வாங்க, போலாம்."

"பால் இங்கேயே காஞ்சுடுத்தே?" என்றாள் அந்த அம்மாள்.

"காஞ்ச பாலு நாலு ஊடு தள்ளிப் போனா திரிஞ்சா போயிரும்? வாங்கம்மிணி!"

அவர் வீட்டில் காலி செய்ய என்ன இருந்தது? ஒரு பாய், ஈயத் துண்டுகள், துருத்தி. ஒரே நடையில் எடுத்துக்கொண்டு சங்கக் கொட்டாய்க்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடி, "ஏனுங்க, உங்க சட்டம் உங்களுக்குக் கிடையாதுங்களா?" என்று கேட்டேன். "எனக்கு யாரு பாலு காச்சினாங்க?" என்று சிரித்தார். கோடி வீட்டுக்கு அவர் வந்தபோது ஒற்றை ஆளுக்கு எதற்கென்று பாலே காய்ச்சவில்லையாம். ஊரெல்லாம் பால் காய்ச்சிய மனுஷன் ஒரு வீட்டிலும் முறையாகக் குடி வந்ததே இல்லை என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

ஆடி முழுக்கக் கர்லாக்கட்டைகளுக்கு நடுவில் படுத்துக் கிடந்தார். ஆவணி பிறந்த முதல் நல்ல நாள். அவர் ஈயம் பூசக் கிளம்புமுன் நாங்கள் கொட்டாயில் கூடிவிட்டோம். என் மனைவி கோலம் போட்டாள். நஞ்சாயி பால் கொண்டுவந்தாள். மெட்ராஸ் அம்மாள் அடுப்பை ஊதினாள். சட்டி அவருடையது.

"என்ன கூத்துங்க இது?" என்று கேட்டார்.

"பேசாம உட்காருங்க. நீங்க குடி வாரீங்க" என்றாள் நஞ்சாயி.

பால் பொங்கியதும் அவர் பழக்க தோஷத்தில் முதல் டம்ளரை எடுத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். "ஊட்டுக்காரர் யாருங்க?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூங்கில் நட்டவர்கள் நாங்கள், கீற்று வேய்ந்தவர்கள் நாங்கள். முருகேசன் கையை நீட்டினான். நானும் நீட்டினேன். அந்த ஒரு டம்ளரை அத்தனை பேரும் ஆளுக்கொரு வாயாகக் குடித்தோம். கடைசியில் நஞ்சாயி அவருக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள். அவர் மறுக்கவில்லை. மெதுவாகக் குடித்தார்.

அப்புறம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சக்கரை பத்தலைங்க" என்றார்.

அந்தக் கொட்டாயில் சாகும்வரை இருந்தார். அதற்கப்புறம் நான் எத்தனையோ வீடு மாறிவிட்டேன். ஆனால் அந்தப் பாலைக் குடித்த வாய்களில் என்னுடையதும் ஒன்று. இத்தனை வருஷமாகியும் அவரைக் காலி பண்ணச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனுஷன் இன்னும் எனக்குள்ளேதான் குடியிருக்கிறார்.