அத்தை, இந்த வாரம் வர வேண்டாம்

ஹலாப்பா,
செவ்வாய்க்கிழமை

பாப்பாந்த்லாவில் இருக்கும் என் மதிப்பிற்குரிய மாமியார் எர்மினியா அத்தை அவர்களுக்கு, மருமகன் ஃபிடென்சியோ பணிவுடன் எழுதுவது. மாதா அருளால் இங்கே நானும், உங்கள் மகள் அம்பாரோவும், பிறந்து சில வாரமே ஆன உங்கள் பேத்தியும் சுகம். உங்கள் முழங்காலும் வனிலாக் கொடிகளும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். பிள்ளை பெற்றவளோடு நாற்பது நாளும் அவள் அம்மா கூட இருக்க வேண்டும் என்ற முறையை நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்த வாரம் நீங்கள் வர வேண்டாம், எல்லாம் நல்லபடியாக நடக்கிறது. இதைக் கடிதமாக எழுதி பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்பக் காரணம், போனில் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க நீங்கள் என்னை விட்டதில்லை என்பதுதான்.

நீங்கள் சொன்னபடி, காற்று படாமல் ஜன்னல்களை எல்லாம் சாத்தினேன். இந்த ஊர் மழை ஈரத்தில் என் கல்யாணக் கோட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. அம்பாரோவின் இடுப்புக்குத் துணி கட்டினேன். இறுக்கினால் அவளுக்கு மூச்சு முட்டியது, தளர்த்தினால் அவிழ்ந்து என் காலில் சிக்கி நான் விழுந்தேன். சூப்புக்கு நீங்கள் அனுப்பிய கோழியை அறுக்க மனம் வரவில்லை. தினமும் எலிகளோடு வேலை செய்கிறவனுக்கு இது என்ன வேஷம் என்று கேட்பீர்கள். அது என்னை நேருக்கு நேர் பார்த்தது, அத்தை. இப்போது குளியலறையில் குடியிருக்கிறது. சூப்பைக் கடையில் வாங்கினேன். அம்பாரோ குடிக்கவில்லை. எதையும் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, குழந்தை அழுதால் சுவரைப் பார்க்கிறாள். இதை எழுத நினைக்கவில்லை, எழுதிவிட்டேன். அடித்தால் கடிதம் அசிங்கமாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். எலிக்குத் தாலாட்டுப் பாடுகிற வேலை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். விஷயம் இதுதான். மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றோடு பேச ஒரு சந்திப்பு உண்டு. 'போதும், அடங்கு' என்ற சேதியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் அங்கே இருக்கின்றன. நான் பார்ப்பது அவற்றை அல்ல. சந்திப்புக்கு வெளியே, யாரும் கவனிக்காத இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏற்பிகளை. பேச்சில் சிந்துகிற மிச்சத்தை வாங்கிக்கொண்டு நாள் முழுக்க மூளையை மெல்ல அமர்த்தி வைப்பவை இவை. சில மயக்க மருந்துகளும் இவற்றின் வழியாகத்தான் வேலை செய்யும். இவை இல்லாத எலி, மற்ற எலிகளைச் சாய்க்கும் அளவு மருந்து போட்டாலும் சீக்கிரம் எழுந்துவிடும். முன்பு ஒன்று அப்படித்தான், நான் உங்களோடு போனில் இருந்தபோது எழுந்து எங்கள் ஆய்வக இயக்குநரின் சாப்பாட்டுப் பைக்குள் போய்விட்டது. நான் அலறியது அதற்குத்தான், உங்கள் பேச்சுக்கு அல்ல.

கர்ப்ப காலத்தில் உடம்பே அமைதிப்படுத்தும் மருந்து ஒன்றைத் தாராளமாகச் சுரக்கும். அதற்கு ஈடாக இந்த ஏற்பிகள் குறைந்துகொள்ளும். பிள்ளை பிறந்ததும் மருந்து ஒரேயடியாக வடிந்துவிடும். ஏற்பிகள் உடனே பழையபடி வந்தாக வேண்டும். இவை குறைவாக உள்ள எலித் தாய் ஒழுங்காகக் கூடு கட்டாது, குட்டிகளைச் சிதறவிட்டு ஒதுங்கியிருக்கும். மனுஷிக்கும் இதேதானா என்பது யாருக்கும் முழுக்கத் தெரியாது.

சனிக்கிழமை குழந்தை அழுதது. அம்பாரோ அசையவில்லை. நான் அறை வாசலில் நின்றேன். ஆய்வகத்தில் குட்டியைக் கூட்டுக்கு வெளியே வைத்து, தாய் எவ்வளவு நேரத்தில் கவ்விக்கொண்டு போகிறது என்று பார்ப்போம். என் விரல் தானாகவே கைக்கடிகாரப் பொத்தானை அமுக்கிவிட்டது. சத்தம் கேட்டு அவள் திரும்பினாள்.

“என்ன அமுக்கினே?”

“ஒண்ணுமில்ல.”

“எனக்கா டைம் பாக்குறே?”

“கைப்பழக்கம், அம்பாரோ.”

“உன் எலிங்களும் இப்படித்தான் இருக்குமா?”

ஆறுதல் சொல்ல நல்ல சமயம் என்று நினைத்தேன், மடையன். “உன்மேல தப்பே இல்ல. மருந்து குடுத்தா அதுங்க மறுபடி குட்டிகளைச் சேத்துக்குது” என்றேன்.

“குடுக்கலேன்னா?”

“சிலது அப்படியே விட்டுடும்.”

“மத்தது?”

எனக்குப் பொய் சொல்ல வராது, அத்தை. உங்கள் சமையலைப் பற்றிக் கேட்டபோதே கண்டிருக்கிறீர்கள். சில தாய்கள் குட்டியைத் தின்றுவிடும் என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து அவள் குழந்தையைத் தூக்குவதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டால்தான் பால் கொடுக்கிறாள். “என் கைய நம்பாதே” என்கிறாள். கோபமே இல்லாமல் சொல்கிறாள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. டாக்டரிடம் போகலாம் என்றால், பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்கிறாள். உங்களிடம் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். “அம்மா ஏழு பேரத் தூக்கி வளத்தவ. நான் ஒண்ணுக்கே இப்படின்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவளப் பாக்குறது?” என்று கேட்கிறாள். அவள்மேல் எனக்கு உயிர், அத்தை. எலிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். இவளுக்கு என்ன என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்த மாதிரி பேசிவிட்டேன்.

ஆகையால் வர வேண்டாம். வந்தால் நான் சத்தியத்தை மீறியது தெரிந்துவிடும். அங்கிருந்தபடியே மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். மாமாவுக்கு என் வணக்கம், கொழுந்தியாள்களுக்கு அன்பு.

உங்கள் ஆசியை வேண்டும்,
ஃபிடென்சியோ

பி.கு.: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். உறையை ஒட்டப் பசை தேடிப் போய்விட்டு வந்தால் அம்பாரோ மேசையருகே நின்று இதைப் படித்துக்கொண்டிருந்தாள். சத்தியத்தை மீறியதற்குத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“தெரியலன்னு எழுதியிருக்கே” என்றாள்.

“ஆமா. நிஜமாவே தெரியல.”

“உனக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சேன். அதான் அவ்வளவு பயந்தேன்” என்று சொல்லி அழுதாள். பிள்ளை பிறந்த பிறகு இன்றுதான் அழுதாள். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு, டாக்டரைப் போய்ப் பார்க்கலாம், அம்மாவையும் வரச் சொல்லு என்றாள். நான் ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் குடையுமாக மாடிப்படிக்கு வந்தேன். “படியெல்லாம் ஈரம். நீ விழுவே. குடு இங்க” என்று குழந்தையை வாங்கிக்கொண்டு அவள் முன்னால் இறங்கிவிட்டாள். இதை நின்றபடியே எழுதுகிறேன், கீழேயிருந்து கூப்பிடுகிறாள். அடுத்த பஸ்ஸிலேயே வாருங்கள், அத்தை.