ராஜா யார் ஜாடை?

கதையர் அன்று ஒரு தீர்மானத்துக்கு வந்தார். முதலாளியைப் பழிவாங்குவது. அதுவும் முதலாளி செலவிலேயே.

வீடியோ கேம் கம்பெனி ஒன்றில் கதை எழுதுவது அவர் வேலை. அதனால் அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் கதையர்தான். அங்கே கதை விடுவதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். அதையே வீட்டில் செய்தால் சாப்பாடுகூடத் தாமதமாகத்தான் வந்தது.

கம்பெனியின் தொழில் ரொம்ப எளிது. ஆட்டத்தில் ஒரு பெட்டி வரும். பெட்டி பூட்டியிருக்கும். சாவி காசுக்கு. பெட்டி ஏன் பூட்டியிருக்கிறது என்று ஒரு காரணம் வேண்டுமே, அதைக் கதையர் எழுதிக் கொடுப்பார். மந்திரவாதி சபித்தான் என்று எழுதினார். டிராகன் சாவியை விழுங்கியது என்று எழுதினார். ஒன்றும் தோன்றாத ஒருநாள், பூட்டு துருப்பிடித்துவிட்டது என்று எழுதினார். மறுநாள் கம்பெனி பூட்டுக்கு எண்ணெய் விற்க ஆரம்பித்தது.

இந்த அழகுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட அலுவலகத்திலேயே கிடக்க வேண்டியிருந்தது. முதலாளி மேஜை மேஜையாக வந்து தாடியைத் தடவிக்கொண்டே சொல்வார்: "நாம எல்லாரும் ஒரே குடும்பம். இந்த ஒரு வாரம் மட்டும் பொறுத்துக்கங்க." அந்த ஒரு வாரம் பல வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

ஆகவே கதையர் புது ஆட்டத்துக்கு ஒரு கதை எழுதினார். ஒரு ராஜா. அவனுக்கு ஒரு சுரங்கம். ஜனங்கள் பூமியை வெட்டிப் பெட்டி பெட்டியாக எடுக்கிறார்கள். ராஜா மாடத்தில் நின்று தாடியைத் தடவிக்கொண்டே, 'நாம எல்லாரும் ஒரே குடும்பம்' என்கிறான். சுரங்கத்தின் கோடியில் ஒரு பெரிய கதவு. அதற்கு அப்பால் வெளிச்சம். கதவைத் திறந்து ஜனங்களை வெளியே கொண்டுபோவதுதான் ஆட்டம்.

ஆட்டம் வெளிவரும். உலகமே கைகொட்டிச் சிரிக்கும். முதலாளி முகத்தில் ஈயாடாது. தாம் ராஜினாமாவை வீசிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நடக்கலாம். இதுதான் திட்டம்.

மனைவியிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். டாக்டர்களின் கையெழுத்தையே தடங்கல் இல்லாமல் படிப்பவளுக்குப் புருஷன் முகம் எம்மாத்திரம்? அதனால் சில நாளாக அவர் முகத்தையே காட்டாமல் நடமாடினார்.

ஆனால் கிண்டல் புரிகிறதா என்று யாரிடமாவது சோதித்துப் பார்க்க வேண்டுமே. கேம் பக்கமே போகாத ஆளாக இருக்க வேண்டும். வீட்டில் ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

"சும்மா ஆடிப் பாரேன்" என்று ஒருநாள் ராத்திரி ஹாலில் அவளை டிவி முன்னால் உட்கார வைத்தார்.

"என்னங்க இது, பட்டனை அழுத்தினா மண்ணை வெட்டுறான்?"

"வெட்டணும். வெட்டினா பெட்டி வரும்."

"பெட்டில என்ன?"

"இன்னொரு மண்வெட்டி."

"அது எதுக்கு?"

"இன்னும் வேகமா வெட்ட."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "இதுக்கு ஜனங்க காசு வேற கொடுக்குறாங்களா?"

"அதுதான் கிண்டலே!" என்று கதையர் துள்ளினார்.

அப்போது ராஜா மாடத்துக்கு வந்தான். "நாம எல்லாரும் ஒரே குடும்பம். இந்த ஒரு வாரம் மட்டும் பொறுத்துக்கங்க" என்றான். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கதையருக்குத் தலைகால் புரியவில்லை.

"யாருன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன? தினம் துணி துவைச்சுப் போடுறேனே."

ஆட்டம் எழுதுகிறவர் அந்த நிமிஷம் ஆட்டம் கண்டார். "ஐயோ, அது நான் இல்ல! எங்க முதலாளி!"

"உங்க முதலாளியை நான் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனா இந்த வசனம் எல்லாம் எனக்கு மனப்பாடம். பல் வலி உயிர் போகுது, டாக்டர்கிட்ட கூட வாங்கன்னு கூப்பிட்டேன். 'இந்த ஒரு வாரம் மட்டும் பொறுத்துக்கோ'ன்னீங்க. தனியாத்தான் போய்ப் பல்லைப் பிடுங்கிட்டு வந்தேன். உங்க அக்கா வந்து டேரா போட்டப்ப, 'நாம எல்லாரும் ஒரே குடும்பம்'னீங்க." அவள் திரையைப் பார்த்தாள். "தாடி மட்டும்தான் உங்களுக்கு இல்ல."

அந்த வார்த்தைகளை அலுவலகத்தில் கேட்டுக் கேட்டுப் பல்லைக் கடித்தவர் கதையர். செருப்பில் ஒட்டிய மண் மாதிரி தினமும் அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து உதறியிருக்கிறார். அவள்தான் பெருக்கித் தள்ளியிருக்கிறாள்.

"இருங்க இருங்க" என்றாள் அவள். "முதலாளின்னா சொன்னீங்க? அவரைக் கிண்டல் பண்ணி அவர்கிட்டயே கொடுக்கப் போறீங்களா? வேலை போச்சுன்னா?"

"போகட்டும்! மானம் பெரிசு."

"யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?"

அந்தக் கேள்விக்கு ராஜாவிடமும் வசனம் இல்லை. அவளும் சண்டை போடவில்லை. "சரி" என்று எழுந்து போனாள். கல்யாணமான எவருக்கும் தெரியும், சொற்களிலேயே கெட்ட சொல் அந்தச் 'சரி'தான்.

மறுவாரம் முதலாளி ஆட்டத்தைப் பார்த்தார். கதையர் ராஜினாமாவைச் சட்டைப் பையில் தயாராக வைத்திருந்தார். முதலாளி தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"பிரமாதம்யா! அப்படியே நம்ம பங்குதாரர்! என்னைப் படுத்துற பாடு அப்படியே வந்திருக்கு!"

படம் வரைகிறவர்கள் ராஜாவைத் தங்கள் மேலாளர் என்றார்கள். மேலாளர் முதலாளி என்றார், மெதுவாக. வாசல் காவலாளி அது மேலாளரேதான் என்று சத்தியம் செய்தார். எல்லாருக்கும் தலைக்கு மேலே ஒரு ராஜா தெரிந்தான். தன் காலுக்குக் கீழே யாராவது மண் வெட்டுகிறார்களா என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. போன வாரம்வரை தாமும் பார்த்ததில்லையே என்று கதையர் நினைத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு மாத்தம்" என்றார் முதலாளி. "அந்தப் பெரிய கதவு. அதுக்கும் சாவி வைப்போம். விடுதலை வேணும்னா காசு கொடுத்துத் திறக்கட்டும். ஏன் பூட்டியிருக்குன்னு நீ ஒரு கதை எழுதிடு. அடுத்த மாசம் வெளியீடு. எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கங்க."

ராஜினாமா சட்டைப் பையிலேயே கசங்கியது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். இன்னும் ஒரு மாதம் என்று சொல்ல வாயெடுத்தார். அவளே கேட்டாள்: "பொறுத்துக்கணுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வாரக் கடைசியில், ஊழியர்கள் குடும்பத்தோடு வந்து ஆட்டத்தை ஆடிப் பார்க்கலாம் என்று கம்பெனி அறிவித்தது. கதையரின் மனைவி நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். முதலாளி கைகூப்பினார்.

"எப்படிம்மா இருக்கு?"

"ராஜா அருமைங்க. ஆனா ராணி எங்க? அவனுக்கு யாரு சோறு போடுறது? பெண்கள் ஆடிப் பார்த்தா முதல்ல அதைத்தானே தேடுவாங்க."

முதலாளி கண்களில் ஒரு பெரிய கூட்டம் சாவி வாங்க வரிசையில் நின்றது. "நீங்களே சொல்லுங்களேன், ராணி கதையை!"

"சொல்றேன். ஆனா எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல இவர்தான் எழுதணும். கடையில இருந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவேன். அப்ப இவரும் வீட்டுல இருக்கணும்."

"இருப்பார்!" என்றார் முதலாளி. "யோவ், நாளையிலேருந்து பொழுது சாயுறதுக்குள்ள நீ வீட்டுல இருக்கணும். இது என் உத்தரவு!"

தம் பிரச்சினையை ஒரே மூச்சில் தீர்த்த மனைவியைக் கதையர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். இனிமேல் சாயங்காலம் வீட்டில் காலை நீட்டி உட்காரலாம் என்று ஒரு சந்தோஷமும் வந்தது. முதல் நாள் அப்படித்தான் உட்கார்ந்தார்.

"ராணி?" என்று கேட்டார்.

"ராணி யோசிக்கிறா. அதுவரைக்கும் இந்த வெங்காயத்தை உரிங்க."

ராணி ரொம்ப யோசிக்கிற ரகம். வெங்காயம் முடிந்தது. துணி மடிப்பது முடிந்தது. பரணும் சுத்தமானது. இடையிடையே ராணி ஒரு வரி, இரண்டு வரி பேசினாள். கதையர் எழுதினார். எழுத எழுத அவருக்கே ஆச்சரியம். ஆட்டத்தில் மற்றவர்கள் எல்லாம் பேசினார்கள், ராணி ஒருத்திதான் பேசிவிட்டு எதிரே நிற்பவரின் பதிலுக்குக் காத்திருந்தாள்.

கடைசியில் கதவுக்கு வந்தார்கள்.

"இதைத் திறக்கச் சாவி வேணும். முதலாளி சொல்லிட்டார்."

"வச்சுக்கட்டும். காசு கொடுத்து வாங்குறவங்க வாங்கட்டும். ஆனா இன்னொரு வழியும் இருக்கு. யாராவது ராணிகிட்ட வந்து, 'நீ சாப்பிட்டியா?'ன்னு கேக்கணும். கேட்டா அவளே திறந்து விட்டுடுவா."

"அவ்வளவுதானா?"

"இதுவரைக்கும் அந்த அரண்மனையில ஒருத்தரும் கேட்டதில்லைங்க."

கதையர் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. ரொம்ப மெதுவாக, "நீ சாப்பிட்டியா?" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். கண் லேசாகக் கலங்கியிருந்தது. "இன்னும் இல்ல" என்றாள். "எழுந்து போய்ச் சமைங்க."

அவர் போய்ச் சமைத்தார். உப்பு கூடிவிட்டது. அவள் குறை சொல்லாமல் சாப்பிட்டாள்.

அந்தக் கேள்வியை ஆட்டத்தில் சேர்த்த அலுவலகப் பிள்ளைகள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். ஒருவரும் முதலாளியிடம் சொல்லவில்லை. முதலாளியும் தாம் விற்கும் எந்த ஆட்டத்தையும் முடிவுவரை ஆடிப் பார்த்தவர் அல்ல. ஆட்டம் வெளிவந்தது. கதவுச் சாவியை வாங்க ஆளே இல்லை. சுரங்கத்தில் மண் வெட்டியவர்கள் எல்லாரும் ராணியிடம் போய்ச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வெளிச்சத்துக்குள் நடந்தார்கள். முதலாளி குதி குதியென்று குதித்தார். 'மனசுள்ள கம்பெனி' என்று ஊரெல்லாம் பாராட்ட ஆரம்பித்ததும் குதிப்பதை நிறுத்திவிட்டு, அந்தக் கேள்வியை யோசித்ததே தாம்தான் என்று பேட்டி கொடுத்தார்.

கதையரும் மனைவியும் ஹாலில் உட்கார்ந்து ஆட்டத்தை முடிவுவரை ஆடினார்கள். கதவு திறந்தது. வெளிச்சத்தின் மேல் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறிப் போயின. 'கதை' என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. கம்பெனி கதையரையும் மறந்துவிடவில்லை. கொஞ்சம் கீழே, 'தட்டச்சு' என்ற இடத்தில் அவர் இருந்தார்.