நாற்பது வாக்கியங்கள்

"சிறைக்குப் போயிருக்கிறீர்களா?" என்று தன் ஊர் மொழியில் கேட்டார் விசா அலுவலகத்தின் தேர்வாளர் அம்மா.

"ஆமாம்" என்றார் ஸ்டோர்கீப்பர், முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

"எத்தனை முறை?"

"நீ சொல்றது சரி."

"எங்கள் நாட்டிலும் குற்றம் செய்வீர்களா?"

"இப்பவே செய்யறேன். நீ உட்காரு."

அந்த அம்மா ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். பேனாவை மூடிவைத்துவிட்டு வாசலைக் காட்டினார்.

தான் என்னென்ன ஒப்புக்கொண்டோம் என்பதை, வெளியே மேஜையில் இருந்த பெண் தமிழில் சொன்ன பிறகுதான் ஸ்டோர்கீப்பர் தெரிந்துகொண்டார்.

"இன்னும் ஒரு தடவை வரலாம் சார். அதுலயும் போச்சுன்னா ஒரு வருஷம் கழிச்சுத்தான்."

ஒரு வருஷம்! நர்ஸ் வேலை கிடைத்து மனைவி வெளிநாடு போய்ப் பத்து மாதமாகிறது. முதல் மாதம் அவர் வீட்டில் ராஜா மாதிரி இருந்தார். இரண்டாம் மாதம் கழுவாத பாத்திரங்கள் ராஜாவைச் சமையலறையை விட்டே துரத்தின. மூன்றாம் மாதம், சண்டை போடக்கூட ஆளில்லாமல் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அவள் இல்லாமல் முடியவில்லை. ஆனால் மொழித் தேர்வில் தேறினால்தான் அவளிடம் போக முடியும்.

பஸ் டிப்போவில் உதிரிபாகம் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் அவருக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். மெக்கானிக் வாயைத் திறக்கும் முன்பே "ஸ்டாக் இல்லை" என்பார். அதுவே பட்டப்பெயராகவும் ஆகிவிட்டது. வீட்டிலும் அதே ஜன்னல்தான். "காய் நறுக்கித் தரீங்களா?" "முடியாது." "கடைக்குப் போறீங்களா?" "நேரமில்லை."

இப்படிப்பட்டவருக்கு மொழி கற்றுக்கொடுக்க, கணினித் திரையில் பாடம் நடத்தும் ஒரு டீச்சரை மனைவியே தேடிப் பிடித்தாள். மூன்று மாதத்தில் நாற்பது வாக்கியங்கள். 'ஆமாம்.' 'மன்னிச்சிடு.' 'என் மனைவி சொன்னா சரியாத்தான் இருக்கும்.' 'பாத்திரத்தை நான் கழுவறேன்.' தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். எவ்வளவு தங்கமான ஜனங்கள், மொழி முழுக்க மன்னிப்பும் ஒத்தாசையும்தானே இருக்கிறது என்று புல்லரித்துப் போனார். அந்த ஜோரில்தான், மனைவிக்கும் டீச்சருக்கும் தெரியாமல் தேர்வில் தேறி இருவரையும் அசத்திவிடலாம் என்று கிளம்பினார். தோற்றதையும் இப்போது இருவரிடமும் மறைத்தார்.

எங்கே தப்பு என்று யோசித்ததில் புரிந்தது. 'இல்லை' என்ற சொல்லை டீச்சர் சொல்லிக்கொடுக்கவே இல்லை! செல்போனில் தேடினார், கிடைத்தது. மூன்று மாதப் பட்டினிக்குப் பிறகு சோற்றைக் கண்ட மாதிரி இருந்தது.

மறுநாள் டிப்போவில் அதையே அள்ளி விட்டார்.

"பிரேக் லைனிங் இருக்கா சார்?"

வெளிநாட்டு மொழியில் 'இல்லை' என்றார்.

"எந்த பாஷையில சொன்னாலும் எங்களுக்குப் புரியும் சார்" என்று மெக்கானிக் திரும்பி நடந்தார்.

மனைவி போன் செய்தபோது, சாப்பிட்டாச்சா என்று அந்த மொழியிலேயே கேட்டாள். "இல்லை!" என்று கம்பீரமாகச் சொன்னார்.

"இந்த வார்த்தையை யாருங்க உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?" தமிழுக்கு மாறிவிட்டாள்.

"நானாத்தான் கத்துக்கிட்டேன்."

"மறந்துடுங்க."

போன் வைக்கப்பட்டது. பொறாமை என்று நினைத்துக்கொண்டார் நம்மவர்.

இரண்டாவது தேர்வுக்கு, எதைக் கேட்டாலும் இல்லை என்பது என்ற முடிவோடு போனார். அதே தேர்வாளர் அம்மா.

"தொற்றுநோய் உண்டா?"

"இல்லை."

"சிறைக்குப் போயிருக்கிறீர்களா?"

"இல்லை."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. ஸ்டோர்கீப்பருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்த கேள்வி முடியும் முன்பே, ஜன்னலில் சொல்லும் அதே வேகத்தில், "இல்லவே இல்லை!" என்றார்.

மலர்ந்த முகம் இறுகியது. கேள்வியில் 'மனைவி' என்று ஒரு சொல் வந்ததும், மனைவியோடு சேர்ந்து வாழ விருப்பமா என்றுதான் கேட்டிருப்பார்கள் என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தன் வாயாலேயே குடும்பத்துக்கு 'ஸ்டாக் இல்லை' சொல்லியாயிற்று.

கடைசிப் பகுதி பாக்கி இருந்தது. ஒரு படத்தைக் காட்டி, பேசு என்று சைகை செய்தார் அந்த அம்மா. படத்தில் ஒரு பெண் நின்றபடி பாத்திரம் கழுவுகிறாள். பின்னால் ஓர் ஆள் நாற்காலியில் காலை நீட்டிப் பேப்பர் படிக்கிறான். ஸ்டோர்கீப்பர் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த நாற்காலி அவருடையதுதான். நாற்காலி என்ன, அந்தக் காலும் அவருடையதுதான்.

"மன்னிச்சிடு" என்று ஆரம்பித்தார். "நீ சொல்றது சரி. பாத்திரத்தை நான் கழுவறேன். நீ உட்காரு." நாற்பது வாக்கியங்களும் வரிசையாக வந்தன. ஒன்றைக்கூட அவர் ஒப்பிக்கவில்லை, படத்திலிருந்த பெண்ணைப் பார்த்துச் சொன்னார்.

தேர்வாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மேஜைப் பெண்ணைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்.

"நீங்க பாஸ் சார்" என்றாள் அவள். "எங்க படிச்சீங்கன்னு கேக்கறாங்க. அவங்க வீட்டுக்காரரையும் அங்கயே சேர்க்கணுமாம்."

வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்து டீச்சரைப் பிடித்தார்.

"பாஸ் பண்ணிட்டேன் டீச்சர்! ஆனா உங்க மேல ஒரு கோபம். மூணு மாசப் பாடத்துல 'இல்லை'ன்னு ஒரு வார்த்தை கிடையாதா? அதனாலதான் முதல் தடவை கோட்டை விட்டேன்."

"பரீட்சைக்கா போனீங்க?" டீச்சர் பதறினார். "பரீட்சைப் பாடம் அடுத்த மாசம்தானே சார் ஆரம்பம்!"

"அப்போ அந்த நாற்பது வாக்கியம்?"

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "அது உங்க வீட்டம்மா எழுதி அனுப்பின பட்டியல் சார். 'பரீட்சையில தேறினா அவரை நாட்டுக்குள்ள விட்டுடுவாங்க டீச்சர், ஆனா இந்த நாற்பதும் வந்தாத்தான் நான் வீட்டுக்குள்ள விடுவேன்'னு சொன்னாங்க."