வாடிக்கையாளர் மூன்றும் யோகேஸ்வரியின் குடையும்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு நீண்டகாலம் சும்மா இருந்துவிட்டு, சென்ற ஆவணியில் வெள்ளவத்தையிலுள்ள எமது பாத்திரக்கடை ஊழியர்களுக்குக் கணினி விளையாட்டின் மூலம் வியாபாரம் கற்பித்தது. முதலிரண்டு சாதனைகளையும் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். மூன்றாவதைப் பற்றி எழுத என்னைத் தவிர வேறு நாதியில்லை.

நான் நாகமணி, கடையின் மேற்பார்வையாளன். முதலாளி முத்துலிங்கத்தாரின் மனைவிக்கு ஒன்றுவிட்ட தமையன் என்பதால் இப்பதவிக்கு வேறு தகுதி கேட்கப்படவில்லை.

முப்பத்தொரு வருடமாக எமது கடையில் மிகப் பிற்போக்கான முறையிலேயே வியாபாரம் நடந்துவந்தது. ஒரு பெண்மணி வருவார். இட்லிச் சட்டியைத் தூக்கி விரல்முட்டியால் தட்டி ஓசை பார்ப்பார். விலையைக் கேட்டு நெஞ்சைப் பிடிப்பார். வாசலை நோக்கி நடப்பார். அவரை எந்த இடத்தில் திருப்பிக் கூப்பிடுவது என்பதுதான் முழுத் தொழிலும்.

அதில் எங்கள் யோகேஸ்வரியை வெல்லக் காலி வீதி முழுக்கத் தேடினாலும் ஆளில்லை. அவர் கண் வாடிக்கையாளரின் முகத்தில் இராது, குடையில் இருக்கும்.

“வாசல்ல நிண்டு குடையை விரிக்காதவ, கூப்பிடட்டும் எண்டுதான் நிக்கிறா, மணியண்ணை. விரிச்சிட்டா எண்டால் முடிஞ்சுது. பிறகு தொண்டை கிழியக் கத்தினாலும் வரமாட்டா.”

பத்தொன்பது வருடமாக முகத்துவாரத்திலிருந்து இரண்டு பஸ் ஏறி வருபவர் அவர். கொட்டாஞ்சேனையில் கிளை திறந்தால் நீதான் அதற்கு மெனேஜர் என்று முதலாளி போன தீபாவளிக்கே வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். இதற்காக யோகேஸ்வரி புதிதாக ஒரு சோடிச் செருப்பும் வாங்கி வைத்திருந்தார்.

இந்த இருண்ட காலத்தில்தான் முதலாளியின் மகன் தனுஷன் மெல்பேர்னில் வணிக நிர்வாகம் படித்து முடித்துத் திரும்பினான்.

“அப்பா, வாக்கெல்லாம் சரிவராது. டேட்டா வேணும். மூண்டு நாள் சிமியுலேஷன் கேம். ஆர் வெல்லுறினமோ அவையளுக்குக் கொட்டாஞ்சேனை.”

முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆகவே ஏற்றுக்கொண்டார்.

ஷட்டர் பாதி இறக்கப்பட்டது. ‘வாடிக்கையாளர் சேவைப் பயிற்சி நடைபெறுகிறது, வாடிக்கையாளர்கள் உள்ளே வர வேண்டாம்’ என்று பலகை தொங்கியது. ஆளுக்கொரு டெப், அதாவது கைக்கணினி, வழங்கப்பட்டது. அதில் ஆளுக்கொரு கம்பனி. நான் ஐந்து நிமிடத்தில் மூவாயிரம் பேருக்கு வேலை கொடுத்தேன். நிஜத்தில் ஒரு பியோனைக்கூட நியமிக்க அதிகாரமில்லாத எனக்குக் கண் கலங்கியது.

விளையாட்டில் விற்கப்பட்ட பொருளின் பெயர் ‘பொருள்’.

“என்ன சாமான் தம்பி இது?” என்றார் யோகேஸ்வரி.

“ப்ரொடக்ட், யோகாக்கா.”

“அது விளங்குது. பித்தளையோ, எவர்சில்வரோ?”

“அப்பிடி ஒண்டுமில்லை. பச்சையிலயும் நீலத்திலயும் இருக்கு.”

“தட்டிப் பாக்கேலாதோ?”

“யோகாக்கா, ஸ்க்ரீனைத் தட்டாதேங்கோ!”

திரையில் ‘வாடிக்கையாளர் மூன்று’ என்ற பொம்மைப் பெண் வந்தாள். விலை கேட்டாள். தலையாட்டிவிட்டு நடந்தாள். ‘தள்ளுபடி’ என்ற பட்டன் மினுங்கியது. யோகேஸ்வரி அதை அமத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

“ஏன் சும்மா இருக்கிறியள்?”

“அவசரப்படாதேங்கோ தம்பி. வெளியில மழை எண்டு காட்டுது. அவவிட்ட குடையில்லை. எங்க போகப்போறா? வருவா.”

‘வாடிக்கையாளர் இழக்கப்பட்டார்’ என்று சிவப்பு எழுத்து வந்தது. உலகத்தில் எவளும் இப்படித் திரும்பிப் பாராமல் போகமாட்டாள் என்று யோகேஸ்வரி கடைசிவரை வாதாடினார். மென்பொருள் இறங்கி வரவில்லை.

அடுத்த மேசையில் ஜீவராஜ் உலகை ஆண்டுகொண்டிருந்தான். ஸ்டோர் அறைப் பையன்களில் மூத்தவன், நாற்பது வயது, தங்கமான மனிதன். வாடிக்கையாளர் எதையாவது கேட்டால் ‘உள்ளுக்குப் பாத்திட்டு வாறன்’ என்று போவான், கடை பூட்டும்போதுதான் வெளியே வருவான். தள்ளுபடி பட்டனையும் விளம்பரப் பட்டனையும் மாறி மாறி அமத்திக்கொண்டே இருந்தால் புள்ளி ஏறும் என்பதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டான். இரண்டாம் நாள் மாலையில் அவனுடைய கம்பனிக்கு நாற்பத்தாறு நாடுகளில் கிளை இருந்தது.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு அந்த அசம்பாவிதம் நடந்தது. உண்மையான வாடிக்கையாளர் ஒருவர் வந்துவிட்டார்.

பாதி ஷட்டருக்குக் கீழே சேலைக் கரையும் ஒரு மடித்த குடையும் தெரிந்தன. “பிள்ளையள், ஆரும் உள்ளுக்கு இருக்கிறியளோ? மகளின்ர கலியாணத்துக்குச் செம்பு வேணும். முந்நூறு.”

யோகேஸ்வரி எழுந்தார்.

“இருங்கோ!” என்றான் தனுஷன். “இன்னும் பத்து நிமிஷத்தில கேம் முடியுது. உண்மையான கஸ்டமர் போனால் இன்னொருத்தர் வருவார். இதில போனால் ஸ்கோர் குறையும்.”

“தம்பி, குடை மடிச்சபடி நிக்கிறா.”

கையில் ஒரு செம்புடன் குனிந்து ஷட்டருக்கு வெளியே போனார். அந்த அம்மா செம்பைத் தட்டினார், நெஞ்சைப் பிடித்தார், நடந்தார். கூப்பிடப்பட்டார், திரும்பினார். முந்நூறு செம்புடன் இரண்டு குத்துவிளக்கும் சேர்த்து விற்றுவிட்டு யோகேஸ்வரி உள்ளே வந்தபோது ஒன்பது நிமிடம் கடந்திருந்தது. அதற்குள் திரையில் அவரது கம்பனி கடனில் மூழ்கி வங்குரோத்தாகி, தொழிலாளர் வாசலில் மறியல் செய்துகொண்டிருந்தார்கள்.

தனுஷன் முடிவை வாசித்தான். “முதலாமிடம் ஜீவராஜ். கொட்டாஞ்சேனைக் கிளை மெனேஜர். கடைசி இடம் யோகேஸ்வரி. விற்பனைத் திறன் போதாது. திங்கட்கிழமை தொடக்கம் அடிப்படைப் பயிற்சி.”

ஜீவராஜ் பயந்துபோய் ஸ்டோர் அறைக்குள் ஓடினான்.

யோகேஸ்வரி முதலாளியைப் பார்த்தார். முதலாளி மேசையிலிருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்தார்.

“அப்ப நான் வாறன்,” என்றார் யோகேஸ்வரி.

கைப்பையை எடுத்தார். குடையை எடுத்தார். நடந்தார். ஷட்டருக்கு வெளியே, தூறலில், எங்கள் பெயர்ப்பலகைக்குக் கீழே போய் நின்றார்.

குடை மடித்தபடியே இருந்தது.

கடையில் எல்லோரும் அந்தக் குடையைத்தான் பார்த்தோம். அதன் பொருள் தெரியாதவர் ஒருவரேனும் அங்கே இல்லை, தனுஷனைத் தவிர. முதலாளி வாயைத் திறந்தார்.

“அப்பா, கூப்பிடாதேங்கோ! போறவையைக் கூப்பிட்டால் எங்கட வீக்னஸைக் காட்டும். பாடம் அஞ்சில கிடக்கு.”

முதலாளி வாயை மூடினார். நான் மேற்பார்வையாளன் அல்லவா, மேலிருந்து பார்த்தேன்.

குடை விரிந்தது.

பயிற்சியின் பலன்கள் உடனடியாகவே தெரியத் தொடங்கின. வெள்ளவத்தையில் கூட்டம் குறைந்ததால் விளையாட்டுக்கு இடைஞ்சல் இல்லாமற் போயிற்று. கொட்டாஞ்சேனையில் ஜீவராஜ் கற்றதைக் கடைப்பிடித்து, யாராவது தலையை ஆட்டுமுன்பே தள்ளுபடி கொடுத்தான். ஒரு மாதத்தில், வெள்ளவத்தையிலிருந்து அள்ளி அனுப்பியவையும் தீர்ந்து, கடையில் சாமானே இல்லை. விளையாட்டைத் தயாரித்த கம்பனியோ எமக்கு ‘ஆண்டின் சிறந்த கற்கும் நிறுவனம்’ என்ற விருதை அறிவித்தது. கொட்டாஞ்சேனையில் விழா. விழாவுக்கு மங்கல விளக்கு ஏற்ற வேண்டும். எமது இரு பாத்திரக்கடைகளிலும் ஒரு குத்துவிளக்கு இல்லை.

எனவே கொட்டாஞ்சேனைக் கிளையிலிருந்து வீதியைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனேன். புதிய கடை. மெனேஜரின் கதிரையில் யோகேஸ்வரி இருந்தார். காலில் அந்தச் செருப்பு.

“வாங்கோ மணியண்ணை. சுகமே? கம்பனியில மூவாயிரம் பேரும் சுகமே?”

விளக்கைத் தட்டிப் பார்த்தேன். நல்ல ஓசை. “எவ்வளவு?”

“நாப்பத்தெட்டாயிரம்.”

நெஞ்சைப் பிடித்தேன். “முப்பத்தஞ்சு.”

“முப்பத்தஞ்சுக்கு விளக்கின்ர தண்டை மட்டும்தான் தரலாம். திரியை எங்க வைப்பியள், தலையிலயோ?”

நடந்தேன். வாசலில் தூறல். குடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“குடையை விரிக்காதேங்கோ, மணியண்ணை. நாப்பத்தேழு. எடுத்துக்கொண்டு போங்கோ.”

நான் வாசலில் இரண்டு விநாடிகூட நின்றிருக்கமாட்டேன். காசைக் கொடுத்தேன். விளக்கைத் தாளில் சுற்றியபடி, தலை நிமிராமலே கேட்டார்:

“அண்டைக்கு நான் குடையை விரிக்காமல் எவ்வளவு நேரம் வெளியில நிண்டனான் எண்டு தெரியுமோ?”

பயிற்சி எங்களுக்கு ஒன்றுமே கற்பிக்கவில்லை என்று இனி யாரும் சொல்லக்கூடாது. எனக்குத் துல்லியமாகத் தெரியும்: நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. டெப்பின் வலது மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.