டீ கேனோடு வந்த பதவி உயர்வு

ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரைக்கும் கடலோரமாக எத்தனையோ கம்பெனிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மேனேஜர் உண்டு, அவருக்கு மேல் ஒருத்தர் உண்டு, அவருக்கும் மேல் ஏசி அறையில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இன்னொருத்தர் உண்டு. இவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து கொடுத்த பதவி உயர்வைவிட, ஒரு பழைய மொபெட்டில் டீ கேனைக் கட்டிக்கொண்டு வந்த பெண்மணி கொடுத்தது அதிகம். துறைமுகக் கேட்டில் நிற்கவைத்துக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

அவர் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. கேனில் ஒட்டியிருக்கும் க்யூஆர் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தால் ஒரு பெயர் வரும். ஆனால் அது அவர் தங்கச்சியின் பெயர். "என் போன்ல அதெல்லாம் வராதுப்பா" என்பதோடு பேச்சு முடிந்தது. எங்களுக்குள் நாங்களாக வைத்த பெயர் பிரமோஷன் அக்கா.

துறைமுகத்துக்குள் போவதற்காகக் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும். நல்ல நாளில் இரண்டு மணி நேரம். கெட்ட நாளில், பெண்டாட்டி முகம் மறந்துபோகிற வரைக்கும். அந்த வரிசைதான் அக்காவின் கடைவீதி. இரண்டு லாரிகளுக்கு நடுவில் ஒரு பூனை யோசித்து நுழைகிற சந்தில் அக்கா யோசிக்காமல் மொபெட்டை நுழைப்பார். வண்டியின் முன்பக்கம் ஒரு தகரப் பலகை. ஊரில் எல்லாக் கடைகளிலும் 'எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது' என்று எழுதியிருக்கும். அக்காவின் பலகையில் 'எங்களுக்கு வேறு கிளைகள் வரும்' என்று எழுதியிருந்தது.

அக்காவிடம் ஒரு பழக்கம். யாரையும் அவர் பார்க்கிற வேலையைச் சொல்லிக் கூப்பிட மாட்டார். அதற்கு அடுத்த வேலையைச் சொல்லித்தான் கூப்பிடுவார். கிளீனர் என்றால் 'டிரைவரே'. டிரைவர் என்றால் 'ஓனரே'. ஓனர் எப்போதாவது வண்டியைப் பார்க்க வந்துவிட்டால் 'சேர்மன் சார்'. கையில் தீக்காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளப் போன இடத்தில் நர்ஸை 'டாக்டரம்மா' என்று கூப்பிட்டு, டாக்டருக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் 'மந்திரி' என்றுவிட்டு வந்தவர்.

ஒருநாள் வரிசையை ஒழுங்குபடுத்தி நின்ற கான்ஸ்டபிளுக்கு, "இந்தாங்க எஸ்.ஐ. சார்" என்று டீயை நீட்டினார். பின்னால் நின்ற ஜீப்பிலிருந்து நிஜமான எஸ்.ஐ. இறங்கி வந்தார்.

"ஏம்மா, இவரு எஸ்.ஐ.ன்னா அப்போ நான் யாரு?"

கான்ஸ்டபிளுக்கு வியர்த்துவிட்டது. எனக்கும் வியர்த்தது. எனக்கு அதில் சம்பந்தமே இல்லை, ஆனாலும் வியர்த்தது. அக்கா மட்டும் அசரவில்லை.

"நீங்க கமிஷனருங்க சார். மூஞ்சிலயே எய்தி ஒட்டிகீதே! இஞ்சி தூக்கலா கீது, குடிச்சிப் பாருங்க."

கமிஷனர் குடித்தார். அன்றைக்கு வரிசை வழக்கத்தைவிட வேகமாக நகர்ந்ததாக என் ஞாபகம்.

எர்ணாவூர் பக்கம் பஞ்சர் ஒட்டும் பாய் ஒருவர் இருக்கிறார். அவரை 'ஷோரூம் பாய்' என்று கூப்பிட ஆரம்பித்தார் அக்கா. பாய்க்குக் கோபம்.

"நாலு பழைய டயரும் ஒரு தொட்டித் தண்ணியும் வச்சிகினு கீறேன். என்னைய ஏம்மா ஓட்டுற?"

"ஓட்டல பாய். சந்தேகம் கேக்குறேன். ஷோரூம்ல கையாலயா காத்தடிப்பாங்க?"

பாய் இரண்டு நாள் அக்காவிடம் டீ குடிக்கவில்லை. மறுமாதம் கம்ப்ரெஸர் வந்தது. அப்புறம் தகரக் கூரை வந்தது. இப்போது அங்கே கண்ணாடி போட்ட கடை இருக்கிறது, வாசலில் ஒரு பூச்செடி. செடி இருப்பது பழைய டயரை வெட்டிச் செய்த தொட்டியில்தான் என்றாலும், ஷோரூம் ஷோரூம்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்குக் கொருக்குப்பேட்டை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டேன். கணக்கு வாத்தியார் அடித்தாரா என்றால் இல்லை. கரும்பலகைக்குக் கூப்பிட்டாரா என்றால் அதுவும் இல்லை. கூப்பிட்டுவிடுவாரோ என்ற கவலையிலேயே நின்றுவிட்டேன். அந்தக் கவலை என்னோடு வளர்ந்து, என்னோடு கல்யாணம் செய்துகொண்டு, என்னோடு கன்டெய்னர் லாரியில் கிளீனராகவும் சேர்ந்தது. ஒன்பது வருடம் கிளீனர். கன்டெய்னர்களை இறக்கிவைக்கும் யார்டில் என் பெயர் 'பேஜாரு'.

கன்டெய்னரை டிரெய்லரோடு பிணைக்க நான்கு மூலையிலும் பூட்டு இருக்கும். நான்கையும் சரிபார்ப்பேன். நான்காவதைப் பார்த்ததும் முதலாவது சந்தேகமாகிவிடும். மறுபடி ஒரு சுற்று. எங்கள் வண்டி டிரைவர் தணிகாசலம் அண்ணன் ஜன்னல் வழியாகக் கத்துவார்.

"டேய் பேஜாரு! இன்னொரு வாட்டி அந்தப் பூட்டத் தொட்டீன்னா, அது கயண்டு உன் கையிலயே வந்துரும்டா!"

அப்படிப்பட்ட என்னை அக்கா 'டிரைவரே' என்று கூப்பிட்டதோடு விடவில்லை. டிரைவர்களுக்கு டீயை எட்டி ஜன்னலில் கொடுப்பார்கள், கிளீனர்கள் இறங்கி வந்து வாங்கிக்கொள்வார்கள். இதுதான் ரோட்டு வழக்கம். ஆனால் தணிகாசலம் அண்ணன் கால் வலிக்கு நடக்க இறங்கினால், அக்கா என்னைக் கீழே இறங்க விட மாட்டார்.

"டிரைவர் சீட்ல ஒக்காரு. அப்பதான் டீ."

"வேணாங்க்கா. அண்ணன் பாத்தா திட்டுவாரு."

"டீ குடிக்கத்தானே ஒக்கார்ற? வண்டியவா இஸ்துகினு ஓடப்போற? ஒக்காரு நைனா!"

உட்கார்ந்தேன். கியரைத் தொடாமல், ஸ்டீயரிங்கில் முழங்கை படாமல், கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் தவறிப்போய் உட்கார்ந்தவன் மாதிரி குடித்தேன். அக்கா எட்டி, குதிகாலைத் தூக்கி, கிளாஸைக் கொடுப்பார். அவரோ குள்ளம், எங்கள் வண்டியோ உயரம். பாதி டீ அவர் முழங்கையில்தான் வழியும்.

யாருக்கும் தெரியாத ரகசியம் ஒன்று இருந்தது. என்னிடம் கனரக வாகன லைசன்ஸ் இருந்தது. மனைவி நச்சரித்ததால் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, டெஸ்டும் பாஸ் செய்து, அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சாப்பாட்டுப் பைக்கு அடியில் இரண்டு வருடமாக மறைத்து வைத்திருந்தேன். லைசன்ஸ் இருப்பது தெரிந்தால் வண்டி கொடுப்பார்கள். வண்டி கொடுத்தால் ஓட்ட வேண்டும். ஓட்டினால் எதிலாவது இடிக்கும். இடிப்பது வரைக்கும் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும். தைரியம் வருவதற்காகப் போனில் முன்னேற்ற வீடியோக்கள் பார்த்தேன். காலையில் கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று பத்து முறை சொல்லச் சொன்னார் கோட்டு போட்ட ஒருவர். ஏழாவது முறை சொல்லும்போது மனைவி வந்து, "காலங்காத்தால யார்கூட சண்ட?" என்றாள். அதோடு முன்னேற்றம் நின்றது.

இந்தச் சமயத்தில்தான் தணிகாசலம் அண்ணனுக்குக் கண்ணில் புரை என்றார்கள். மாதக் கடைசியோடு நிற்கப்போகிறார். ஓனர் வெளியூர் டிரைவர் ஒருத்தரைப் பேசிவிட்டார். அவர் தன் கிளீனரையும் கூடவே கூட்டி வருவாராம். அதாவது, நான் வாய் திறக்காவிட்டால் ஒன்பது வருட வேலை போய்விடும். திறந்தால் வண்டி வந்துவிடும். எது பெரிய ஆபத்து என்று முடிவு செய்ய முடியாமல் பூட்டுகளை எட்டெட்டு முறை பார்க்க ஆரம்பித்தேன்.

அந்த மாதத்தின் கடைசி வாரம். திருவொற்றியூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டு. வண்டியைக் கேட்டுக்குள் பாதி நுழைத்து நிறுத்திவிட்டு, பேப்பரில் முத்திரை வாங்க ஆபீஸுக்குள் போனார் தணிகாசலம் அண்ணன். அக்கா வந்தார். வழக்கம்போல என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துக் கிளாஸை நீட்டினார். அப்போது, வேலைக்குச் சேர்ந்து மூன்று நாளே ஆன சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"யாருப்பா இந்த வண்டிக்கு டிரைவர்? கேட்டையே அடைச்சிக்கிட்டு நிக்குது!"

அக்கா கையை நீட்டினார். "தோ, ஷோக்கா ஒக்காந்துகினு கீறாரே. இவருதான்."

"ஏன்யா, இங்க பின்னாடி பத்து வண்டி நிக்குது, நீ டீ குடிச்சிக்கிட்டிருக்க? பதினாலாம் நம்பர் இடத்துல ரிவர்ஸ் போடு!"

"சார், நான் வந்து..."

"வந்ததெல்லாம் போதும். போடு!"

அக்கா என் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கிக்கொண்டார். அரை கிளாஸ் டீ மிச்சம் இருந்தது. "போ டிரைவரே. ஆறுறதுக்குள்ள வந்துரு" என்றார்.

டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது தலைகீழ் வித்தை. பின்பக்கம் இடதுபுறம் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை வலதுபுறம் ஒடிக்க வேண்டும். ஒன்பது வருடம் வண்டிக்குப் பின்னால் நின்று, கன்டெய்னரைத் தட்டி, "வா, வா, ரைட்ல ஒடி, போதும்" என்று கத்தியவன் நான். அண்ணனுக்கு முன்பக்கம் தெரியும், எனக்குப் பின்பக்கம் மனப்பாடம். ஆனால் நான் சீட்டில் இருந்தால் பின்னால் யார் கத்துவது?

அக்கா கத்தினார். 'செக்யூரிட்டி ஆபீசரே' என்று தினமும் கூப்பிட்டதற்கு நன்றியாக வாட்ச்மேன் அவரை உள்ளே விட்டுவிட்டார். கன்டெய்னரைப் படபடவென்று தட்டி, "வா டிரைவரே வா! அப்டிதான்! ஷோக்கா கீது!" என்றார். வலது, இடது எதுவும் சொல்லவில்லை. வண்டி சுவரை நோக்கிப் போனபோதும் ஷோக்கா கீது என்றார். பக்கத்துக் கன்டெய்னரை உரசப் பார்த்தபோதும் ஷோக்கா கீது என்றார். நான் அவரை நம்பாமல் கண்ணாடியை நம்பினேன்.

கண்ணாடியையும் முழுசாக நம்ப முடியுமா? நிறுத்தினேன், இறங்கினேன், பின்னால் போய்ப் பார்த்தேன், ஏறினேன். இரண்டடி போனேன். மறுபடி இறங்கினேன். மூன்றாவது தடவை சூப்பர்வைசர் தலையில் கைவைத்துவிட்டார்.

"எத்தனை தடவைய்யா இறங்குவ?"

"இன்னும் ஒரே ஒரு வாட்டி சார்."

அந்த ஒரு வாட்டியில்தான் அதைப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பம். ஒரு காலத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்திருக்க வேண்டும், இப்போது மண் நிறம். எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. அதைச் சுற்றி உடைந்த சிவப்பு விளக்குத் துண்டுகள் கிடந்தன. எனக்கு முன்னால் வந்த தைரியசாலிகளுடையவை. கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது.

ஏறினேன். முன்னால் எடுத்து, வலது ஒடித்து, நிமிர்த்தி, மெதுவாக விட்டேன். நல்ல டிரைவர் இரண்டே முயற்சியில் போட்டிருப்பார். எனக்கு ஏழு ஆனது. ஆனால் பதினாலாம் நம்பர் கோட்டுக்குள், ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி வண்டி நின்றது. ஒரு கீறல் இல்லை.

சூப்பர்வைசர் கம்பத்தைப் பார்த்தார், விளக்குத் துண்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க பொறுமையாவே எடுங்க டிரைவர்" என்றார். அக்காவைத் தவிர என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் ஆள்.

ஆபீஸ் வாசலிலிருந்து தணிகாசலம் அண்ணன் ஓடி வந்தார். "எவன்டா என் வண்டிய எட்த்தது?" என்று ஆரம்பித்தவர், சீட்டில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ராங்கா எடுத்திருந்தா இன்னா ஆவுறது? லைசன்ஸ் கீதாடா உன்கிட்ட?"

சாப்பாட்டுப் பையின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மங்கிய கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார்.

"ரெண்டு வருசமா? அடப்பாவி! சாம்பார் வாசன அடிக்கிதுடா இதுல!"

என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். வலித்தது. அப்படியே போனை எடுத்து ஓனரைக் கூப்பிட்டார். "வெளியூர் ஆளு வேணாம் மொதலாளி. ஆளு என் பக்கத்து சீட்லயே ஒக்காந்துகினு கீது. எறங்கி எறங்கிப் பாக்குறவன். வண்டி பத்திரமா இருக்கும்" என்றார். இதைச் சொல்லும்போது என் கவலையை முதல்முறையாக யாரோ பாராட்டியது மாதிரி இருந்தது. கண்ணைத் துடைக்கக் கண்ணாடியைத் துடைப்பதுபோல நடித்தேன்.

அக்கா கிளாஸை நீட்டினார். டீ ஆறிப்போயிருந்தது. "சூப்பர்வைசர்கிட்ட வேணும்னேதானே சொன்னக்கா?" என்று கேட்டேன்.

"எப்பவும் சொல்றதத்தான் சொன்னேன். அந்தாளுதான் புச்சா நம்பிட்டாரு" என்றார்.

அடுத்த வாரம் வண்டி என் கைக்கு வந்தது. முதல் லோடு. எண்ணூர் விரைவுச் சாலையில் அதே வரிசை. மொபெட் சந்தில் புகுந்து வந்தது. அக்கா குதிகாலைத் தூக்கி நிற்பதற்குள் நான் கீழே இறங்கிவிட்டேன்.

"இன்னா ஓனரே, கீய எறங்கிட்ட? மேல ஏறி ஒக்காரு. நான் தரேன்."

ஓனர் என்றதும் எனக்குப் புதிதாக ஒரு கவலை தொடங்கியது. அது இருக்கட்டும் என்று ஒதுக்கிவைத்தேன்.

"மொதலாளி நின்னுகினு கீறப்போ டிரைவர் ஒக்காந்து டீ குடிக்கிறது மரியாத இல்லக்கா."

அக்கா திரும்பிப் பார்த்தார். பின்னால் சேர்மன் யாராவது வந்துவிட்டாரோ என்று நினைத்திருக்க வேண்டும். "எந்த மொதலாளி?"

"கிளைகள் வரும்னு போர்டு வச்சிகினு கீறியே, நீதாங்க்கா."

கான்ஸ்டபிளை எஸ்.ஐ. ஆக்கியவர், பாயை ஷோரூம் ஆக்கியவர், என்னை டிரைவர் ஆக்கியவர், கேனின் குழாயைத் திறந்து கிளாஸைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். இத்தனை வருடத்தில் இந்த ரோட்டில் யாரும் அவரை 'அக்கா', 'ஏ டீ' என்பதற்கு மேல் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிளாஸ் நிறைந்து, வழிந்து, டீ என் செருப்பில் கொட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

கவலைக்காரன் நான்தானே. குனிந்து, கேனின் குழாயை நானே மூடினேன்.